சின்ன இடி, ஜெர்மன் கார், பெங்களூர் ஒர்க்‌ஷாப்: வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் விலை உயர்ந்த ஜெர்மன் கார்கள் இப்போது அபூர்வம் இல்லை. கிரானைட், மாம்பழக் கூழ், ரியல் எஸ்டேட், ஓசூர்க் கம்பெனி வேலை என்று ஆளாளுக்கு வாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். வாங்கும்போது ஷோரூம்காரர்களே வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். எங்காவது இடித்துவிட்டால் கதை வேறு. பாடி வேலைக்கு நாம்தான் பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ ஓட வேண்டும். அப்படி ஓடியதில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். பணம் போனது ஒரு பக்கம். பொய் சொல்லியே நாளைக் கடத்தினார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

இடி ரொம்பச் சின்னது. மாங்காய் சீசன், காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மண்டி வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தோம். லோடு டிராக்டர் ஒன்று ரிவர்ஸ் எடுத்தபோது டிரெய்லரின் இரும்பு மூலை எங்கள் வண்டியின் இடது முன்பக்கத்தில் ஏறிவிட்டது. ஏர்பேக் விரியவில்லை, யாருக்கும் கீறல் இல்லை. பம்பர் கிழிந்தது, ஹெட்லைட் விரிசல் விட்டு அதை மாட்டும் காது இரண்டும் உடைந்தன, கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் ரேடார் சென்சார் லேசாகக் கோணிக்கொண்டது. அவ்வளவுதான். டிராக்டர் ஓட்டிய பையன் முகம் வெளுத்துப் போய், “எவ்ளோங்ணா ஆவும்?” என்றான். தொகையைச் சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான் என்று, “இன்சூரன்ஸ் இருக்குது, நீ போப்பா” என்று என் தம்பி அனுப்பிவிட்டான்.

சாதாரண வண்டியாக இருந்தால் ஊரிலேயே டிங்கரிங், பெயிண்டிங் முடித்து அந்த வாரமே ஓட்டியிருப்போம். இந்த வண்டியில் ஹெட்லைட் என்பது வெறும் லைட் இல்லை. உள்ளே கண்ட்ரோல் யூனிட் இருக்கிறது. புதிதாக மாட்டினால் கம்பெனி சாஃப்ட்வேரில் கோடிங் செய்ய வேண்டும். ரேடாரைக் கழற்றி மாட்டினாலே அதை மறுபடி அளவு வைத்து நேராக்க வேண்டும், அதற்குத் தனிக் கருவி வேண்டும். அதனால் அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்புக்கே அனுப்பலாம் என்று ரிக்கவரி வண்டியில் ஏற்றிவிட்டோம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர்.

அங்கே எங்களுக்கு வாய்த்த சர்வீஸ் அட்வைசர் நன்றாகத் தமிழ் பேசினார். பெங்களூரில் ஒருவர் தமிழ் பேசிவிட்டால் நமக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும், இல்லையா. எஸ்டிமேட் நாலரை லட்சம் சொன்னார். அதில் பாதிக்கு மேல் ஹெட்லைட்தான். காதுதானே உடைந்திருக்கிறது, அதற்கு மட்டும் ரிப்பேர் கிட் கிடைக்காதா என்று கேட்டேன். சில கம்பெனிகள் சில மாடல்களுக்கு அப்படி விற்கின்றன. கண்ணாடியும் விரிசல் விட்டிருப்பதால் முழு அசெம்ப்ளியும் மாற்ற வேண்டும் என்றார். நியாயம்தான், ஒத்துக்கொண்டேன்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் சீக்கிரமே வந்து பார்த்தார். அதன் பிறகு எப்போது போன் செய்தாலும் ஒரே பாட்டு: “பார்ட்ஸ் ஆர்டர் போட்டாச்சு சார். ஹெட்லைட் ஜெர்மனியிலிருந்து வரணும். ஷிப்மென்ட்ல இருக்கு.” கொஞ்ச நாள் கழித்து, “இன்சூரன்ஸ் அப்ரூவல்ல நிக்குது சார்.” அப்புறம், “சப்ளிமெண்டரி எஸ்டிமேட் அனுப்பியிருக்கோம் சார்,” அதாவது பிரித்த பிறகு தெரிந்த கூடுதல் வேலைக்கான எஸ்டிமேட். எழுத்தில் கொடுங்கள் என்றால், “வாட்ஸ்அப்ல போடறேன் சார்” என்பார். வந்ததெல்லாம் கும்பிடும் எமோஜி மட்டும்.

அப்ரூவல் கதை பொய் என்பது முதலில் தெரிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நானே மெயில் போட்டேன். முதல் எஸ்டிமேட்டுக்கு எப்போதோ ஒப்புதல் கொடுத்துவிட்டதாகத் தேதியோடு பதில் வந்தது. சப்ளிமெண்டரி எஸ்டிமேட் எதுவும் தங்களுக்கு வரவே இல்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

ஜெர்மனிக் கதை உடைந்தது பார்ட்ஸ் கவுண்டரில். அன்று அட்வைசர் லீவ். கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், ஜாப் கார்டு எண்ணைக் கேட்டு வாங்கி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். நல்ல பையன், மானிட்டரையே என் பக்கம் திருப்பிவிட்டான். பம்பர், ஸ்டாக்கில் உள்ளது. கிரில், ஸ்டாக்கில் உள்ளது. ஹெட்லைட் என்ற வரிக்கு நேரே ஆர்டர் தேதி என்ற கட்டம் காலியாக இருந்தது. காலி! நாங்கள் இத்தனை நாளாகக் கப்பலில் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஹெட்லைட்டுக்கு யாரும் ஆர்டரே போடவில்லை. அந்தத் திரையை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டேன். பின்னால் எல்லாவற்றையும் நகர்த்தியது அந்த ஒரு போட்டோதான்.

ஏன் ஆர்டர் போடவில்லை என்று பிறகு மேனேஜரிடம் கேட்டபோது, இவ்வளவு விலை உள்ள பார்ட்டைத் திருப்பி அனுப்ப முடியாது, அதனால் கஸ்டமரிடம் அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் ஆர்டர் போடுவது வழக்கம் என்றார். சரி, அட்வான்ஸ் கேட்டீர்களா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பேன்.

என் கணிப்பு இதுதான். வண்டி உள்ளே வந்தவுடன் முன்பக்கத்தை முழுக்கப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். பிரித்த வண்டியைக் கஸ்டமர் வேறு எங்கும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அது தெரிந்த பிறகு அவர்களுக்கு என்ன அவசரம்? பெரிய ஆக்ஸிடென்ட் வேலை, உள்ளூர் பெங்களூர்க்காரர் தினமும் நேரில் வந்து நிற்கும் வேலை, இவையெல்லாம் முன்னால் போகும். டி.என். 24, அதாவது கிருஷ்ணகிரி நம்பர் வண்டி மூலையில் நிற்கும். நாமோ அட்டிபெலே டோலைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் சிக்கி, அரை நாளைத் தொலைத்துவிட்டுத்தான் போய்ச் சேர வேண்டும். அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

மூலை என்று சும்மா சொல்லவில்லை. ஷெட்டுக்கு வெளியே, மதிலோரம். ஹெட்லைட் கழற்றிய குழியை ஒரு பாலிதீன் பையால் மூடி டேப் ஒட்டியிருந்தார்கள். டேப்பின் ஒரு முனை பிரிந்து பை தொங்கிக்கொண்டிருந்தது. பெங்களூர் மழை தெரியும்தானே. கையை விட்டு ஒயர் சாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்தேன். பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. டிராக்டர் செய்யாத வேலையை இவர்கள் செய்துவிட்டார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தராசு முதல் மொபெட் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். காருக்குப் பதில் ஸ்பேர் சாவிக்கு வைத்தோம். மாமா ஒருவர், “வண்டிய வித்துட்டு சாவிய மட்டும் வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். இ.எம்.ஐ. மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அதன் பிறகு போனில் பேசுவதை நிறுத்திவிட்டேன். கார் கம்பெனியின் இந்தியத் தலைமை அலுவலகக் கஸ்டமர் கேருக்கு ஒரே மெயில். வண்டி விட்ட தேதி, சர்வே நடந்த தேதி, அப்ரூவல் தேதி, திரையின் போட்டோ, பாலிதீன் பையின் போட்டோ. கோபமாக ஒரு வார்த்தை கூட எழுதவில்லை, எழுதியதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன். கூடவே வக்கீல் நோட்டீஸ் ஒன்று. ஹெட்லைட் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், விமானத்தில் வந்துவிட்டது. மாதக்கணக்கில் நகராத வேலை ஒரு மாதத்துக்குள் முடிந்தது.

ஃபைனல் பில்லில் புதுசாக இரண்டு வரி முளைத்திருந்தது. ஒன்று, புது பேட்டரி. இவர்கள் நிறுத்தி வைத்ததில் செத்துப்போன பேட்டரி. அது விபத்தில் வந்த சேதம் இல்லை என்று சர்வேயர் அடித்துவிட்டார், அவர் செய்தது சரிதான். உடனே அந்தத் தொகையை என் கணக்குக்குத் தள்ளினார்கள். இன்னொன்று, பார்க்கிங் சார்ஜ். மழையில் மதிலோரம் நிறுத்தியதற்கு வாடகை! இரண்டையும் கட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்த பிறகு நீக்கினார்கள். வண்டியை எடுத்து ஓசூரைத் தாண்டுவதற்குள் டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை எரிந்தது. ரேடாரை அளவு வைக்காமலே கொடுத்திருக்கிறார்கள். முன்னால் வண்டி வந்தால் தானாகப் பிரேக் போட வேண்டிய அமைப்பு அது. தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்குகிற வண்டியில் இந்த அலட்சியத்தை எப்படி மன்னிப்பது?

இன்சூரன்ஸ் பக்கம் பெரிய குறை சொல்ல மாட்டேன். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வாகனச் சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் வெளியிட்ட விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். எனவே “இன்சூரன்ஸ்ல நிக்குது” என்று ஒர்க்‌ஷாப் மாதக்கணக்கில் சொன்னால், நேராக இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள்தான் இழுக்கிறார்கள் என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார் தளத்தில் புகார் போடலாம், அப்புறம் சென்னையில் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். ஒர்க்‌ஷாப்பின் தாமதத்துக்கு அங்கே போய்ப் பயன் இல்லை.

பாலிசியில் ஜீரோ டெப், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன், இருக்கிறதா என்றும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அது இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். இந்தக் கார்களின் முன்பக்கத்தில் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான். 1500 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 2,000 ரூபாய், அது பெரிய விஷயம் இல்லை. வண்டி இல்லாத நாட்களுக்குத் தினப்படி தரும் ஆட்-ஆன் என்று ஒன்று விற்கிறார்கள். அதற்கு நாள் வரம்பு உண்டு, இப்படிப்பட்ட இழுவைக்கு அது போதவே போதாது.

இனி வண்டி விடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது முக்கியமாக ஒன்றுதான். “ஆர்டர் போட்டாச்சு” என்றால் ஆர்டர் எண்ணும் தேதியும் மெயிலில் வர வேண்டும். அட்வான்ஸ் வேண்டுமா என்று நீங்களே கேட்டு, அந்தப் பதிலையும் மெயிலில் வாங்குங்கள். வண்டி ஓடும் நிலையில் இருந்தால், சர்வேயர் பிரித்துப் பார்த்த பிறகு திரும்ப மாட்டித் தரச் சொல்லி ஊருக்கு எடுத்து வந்துவிடுங்கள், பார்ட்ஸ் வந்த பிறகு கொண்டு போய் விடலாம். ஹெட்லைட் உடைந்த வண்டியை இரவில் எடுக்காதீர்கள், அவ்வளவுதான். விடும்போது கிலோமீட்டரை போட்டோ எடுங்கள். வாங்கும்போது ரேடார், கேமரா அளவு வைத்ததற்கான பிரிண்ட் இல்லாமல் டெலிவரி தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த பிரிண்ட் விஷயத்தை எங்களுக்கு அந்த மஞ்சள் லைட்டுதான் சொல்லிக் கொடுத்தது.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். ஒர்க்‌ஷாப் பெங்களூரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கார் என் சொந்தப் பெயரில் இருந்தது நல்லதாயிற்று. கம்பெனி பெயரில் இருந்திருந்தால், இது வணிகத் தேவைக்கான வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் அங்கிருந்தே ஆரம்பித்திருப்பார். வழக்குப் போடும் அளவுக்குப் போக வேண்டாம் என்று நினைப்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஒர்க்‌ஷாப் பெயரை எழுதவில்லை, வழக்கு நடக்கும்போது வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய மெயிலை, வண்டி விவரத்தை மட்டும் நீக்கிவிட்டு, கேட்பவர்களுக்குத் தருகிறேன். தேதிகளை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொண்டால் போதும்.