அம்மாவின் பழைய நம்பர்

மூன்று வருடம் கழித்து மெல்போர்னிலிருந்து பினாங்கு போயிருந்தேன். ஆயர் ஈத்தாம் வீட்டில் பையை இறக்கி வைத்த கையோடு அம்மா கைத்தொலைபேசியை நீட்டினார். "பத்து வெள்ளி (ரிங்கிட்) டாப் அப் போட்டா ஒரே வாரத்துல காலியாவுதுப்பா. நான் யாருக்கும் போன்கூடப் போடல."

குறுஞ்செய்திகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ராசிபலன் அனுப்பும் ஏதோ ஒரு சேவை, இரண்டு நாளுக்கு ஒருமுறை காசு பிடித்திருக்கிறது. அம்மா அதைக் கேட்டு வாங்கவே இல்லை.

தொலைபேசி நிறுவனத்தின் கிளையில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். "அது வெளி கம்பெனி சேவை, எங்களால ஒன்னும் பண்ண முடியாது" என்றார்கள். எனக்குக் கோபம்தான். ஆனாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீங்களும் அந்த எண்ணை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். முதலில் நிறுவனத்திடம் முறையிட வேண்டும். அங்கே தீராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் போகலாம். தொலைபேசி, இணையச் சேவைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு அது; சுருக்கமாக எம்சிஎம்சி என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது, தலைமையகம் சைபர்ஜெயாவில். அதன் இணையப் புகார்ப் பக்கத்தில் அன்றிரவே எழுதினேன். பத்து நாளில் நிறுவனமே அழைத்தது. சேவையை நிறுத்தி, பிடித்த காசையும் திருப்பிப் போட்டார்கள்.

நான் வராமல் இருந்திருந்தால்? அம்மா சந்தையில் மலாய் நன்றாகப் பேசுவார், புகார் எழுத வராது. அவரைப் போல் எத்தனை பேர்! ஆணையத்தின் ஏற்பாட்டில் நடக்கும் 'நாடி' (NADI) என்ற சமூக இணைய மையங்களில் இணையம் பழகச் சொல்லித் தருகிறார்கள். ஊரில் பெற்றோரை விட்டு வந்தவர்கள், பக்கத்தில் எது இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்து வையுங்கள்.

அப்புறம், இந்த நிறுவனமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். அம்மாவுக்கு ஒரே கவலை. "அப்பா வாங்கிக் கொடுத்த நம்பர். மாத்துனா கோயில் ஆளுங்களுக்கெல்லாம் எப்படிச் சொல்றது?" மலேசியாவில் 2008 முதலே நம்பரை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றலாம். அம்மாவிடம் இதை இத்தனை வருடம் யாருமே சொல்லவில்லை, நான் உட்பட. கொம்தார் பக்கம் ஒரு கடையில் மைகார்டை, அதாவது அம்மாவின் அடையாள அட்டையைக் காட்டினோம், வேலை முடிந்தது.

மீதி டாப் அப் காசு மட்டும் புது நிறுவனத்துக்கு மாறாது என்று முன்பே தெரிந்துகொண்டோம். அதனால் திரும்பக் கிடைத்த காசு முழுவதையும் சுங்கை பட்டாணிச் சித்தியிடம் பேசித் தீர்த்த பிறகுதான் அம்மா கடைக்குக் கிளம்பினார்.