ஏழாம் நம்பருக்குக் கட்டிய சலங்கை

முழங்கை வலிக்கிறது, கோல்ஃப் அயர்ன்களில், அதாவது இரும்புத் தலை மட்டைகளில், ஸ்டீலை எடுத்துவிட்டு கிராஃபைட் ஷாஃப்ட் (கார்பன் நார்த் தண்டு) போடலாமா என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். ஆனால் அவர் கேட்ட நேரத்தில் என் ஏழாம் நம்பர் அயர்ன் ரிப்பேர் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தது. அதனால் பதில் இவ்வளவு நீளம்.

கிராஃபைட் எடை குறைவு, ஸ்டீல் எடை அதிகம் என்கிற பாலபாடத்தை விட்டுவிடுகிறேன். என்னிடம் இருப்பது சுத்தக் கிராஃபைட்டும் கிடையாது. ஏரோடெக் நிறுவனத்தின் ஸ்டீல்ஃபைபர் ஐ95. கார்பன் குழாய்க்கு மேல் மிக நுண்ணிய எஃகு இழையைச் சுற்றிச் செய்த கலப்பு ஷாஃப்ட், சுமார் 95 கிராம். ஐந்தாம் நம்பரிலிருந்து, குறைந்த தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ் வரை ஆறு கிளப்பிலும் அதுதான். ஹெட்டுகள், அதாவது பந்தை அடிக்கிற தலைகள், பழையவை. முன்பு அவற்றில் இருந்தது டைனமிக் கோல்ட் எஸ்300 என்ற ஸ்டீல் ஷாஃப்ட், ஏறக்குறைய 130 கிராம். மாற்றிச் சில வருடங்கள் ஆகிவிட்டன.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல மனசு வருமோ வராதோ.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் டிசம்பர் காலையில் ஆடியவர்களுக்குத் தெரியும். ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம், புல்லெல்லாம் பனி, விரல் மடங்காது, சில நாள் ஃபேர்வே (ஆடுகிற புல்வெளிப் பாதை) ஓரமாகக் காட்டெருமை வேறு மேய்ந்துகொண்டிருக்கும். அந்தக் குளிரில் ஸ்டீல் ஷாஃப்டோடு ஒரு பந்தைத் தின்னாக அடித்தால், அதாவது கிளப்பின் கீழ்விளிம்பு பந்தின் இடுப்பில் பட்டால், அதிர்ச்சி உள்ளங்கையில் ஏறி முழங்கையைத் தொட்டுப் பல்லில் போய் நிற்கும். அடுத்த ஷாட்டுக்குக் கிளப்பைப் பிடிக்கவே யோசனையாக இருக்கும். இந்த ஷாஃப்ட் போட்ட பிறகு அதே மாதிரி காலையில் அதே மாதிரி ஒரு கேவலமான ஷாட் அடித்தேன். "டக்" என்று மட்டமான சத்தம் வந்தது. கைக்கு வந்தது மங்கலான ஓர் இடி, அதோடு சரி. எஃகு அதிர்வை அப்படியே கடத்திவிடும். கார்பன் நாரும் ரெசினும் சேர்ந்தது அதை வழியிலேயே விழுங்கிவிடும். விளம்பரத்தில் சொல்கிற மற்றதெல்லாம் எப்படியோ, இது ஒன்று உண்மை.

இதற்கும் ஒரு விலை உண்டு. பந்து முகத்தின் எந்த இடத்தில் பட்டது என்று ஸ்டீல் உடனே சொல்லிவிடும், வலிக்க வலிக்கச் சொல்லும். இது பூசி மெழுகும். நான் பந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பை தூக்கி வரும் கேடி, "தின்னு சார்" என்று சொல்லிவிடுகிறார். என் கைக்குத் தெரிவதற்கு முன் அவர் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

முழங்கை வலி போனதா என்றால், குறைந்தது. ஆனால் முழுப் பெருமையையும் ஷாஃப்டுக்குக் கொடுக்க மாட்டேன். அதே சமயத்தில்தான் பயிற்சி ரேஞ்சில் சிமென்ட் தரைமேல் போட்ட விரிப்பிலிருந்து கூடை கூடையாக அடிப்பதை நிறுத்தினேன். பிசியோதெரபிஸ்ட் சொன்ன சின்ன டம்பெல் பயிற்சியும் அப்போது தொடங்கியதுதான். மூன்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. விற்கிறவர்கள் மட்டும் ரொம்ப நிச்சயமாகச் சொல்கிறார்கள்.

தூரம்? கடைக்காரர் 20 யார்டு கூடும் என்றார். கூடவில்லை. பந்து கொஞ்சம் உயரமாகப் போகிறது, குழி இருக்கும் கிரீனில் கொஞ்சம் சீக்கிரம் நிற்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, எடையை மட்டும் குறைக்க வேண்டுமென்றால் ஸ்டீலிலேயே வழி இருக்கிறது. நிப்பானின் 950ஜிஹெச் ஸ்டீல் ஷாஃப்ட்தான், அதுவும் ஏறக்குறைய 95 கிராம்தான், விலையோ இதைவிடக் குறைவு. 13-ஆவது ஹோலில் தோள் சோர்கிறது என்பவர்களுக்கு அதுவே போதும். கலப்பு ஷாஃப்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம் முழுக்க அந்த அதிர்வு விஷயத்துக்குத்தான்.

"கிராஃபைட் அயர்ன் தாத்தாக்களுக்கு" என்று ரேஞ்சில் இன்னமும் சிரிக்கிறார்கள். அமெரிக்க வீரர் பிரைசன் டிஷாம்போ 2020-இல் விங்டு ஃபுட் மைதானத்தில் யூ.எஸ். ஓப்பன் ஜெயித்தபோது அவர் அயர்ன்களில் இருந்தது கிராஃபைட். இன்னொரு அமெரிக்க வீரர் மேட் குச்சர் பல வருடம் அயர்னில் அடித்தது இதே ஸ்டீல்ஃபைபர் குடும்பம். கேலிக்கு ஆதிகாலத்தில் ஒரு நியாயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். 1969 வாக்கில் ஷேக்ஸ்பியர் என்ற கம்பெனியில் ஃப்ராங்க் தாமஸ் முதல் கிராஃபைட் ஷாஃப்டைச் செய்தபோதும், அடுத்த சில வருடங்களிலும் அது ஏகத்துக்கு முறுக்கிக்கொள்ளும். பந்து எங்கே போகும் என்பது அடித்தவருக்கே தெரியாது. இப்போது கார்பன் தாள்களைச் சாய்கோணத்தில் அடுக்கி அந்த முறுக்கை அடக்கிவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே தாமஸ்தான் பிறகு அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநராக 26 வருடம் உட்கார்ந்து, எந்தக் கிளப் சட்டத்துக்கு உட்பட்டது, எது இல்லை என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார்.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னைக் கடல்காற்றில் ஸ்டீல் ஷாஃப்ட் படுகிற பாடு தனிக்கதை. வெளியே குரோம் பளபளக்கும். ஷாஃப்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் இருக்கிற ஃபெரூல் வளையத்தின் ஓரத்தில் மட்டும் சின்னதாகப் பழுப்புப் புள்ளி தெரியும். பழைய ஷாஃப்டுகளைக் கழற்றி, கிரிப்பை அறுத்துவிட்டு, செய்தித்தாள் மேல் தட்டினபோது உள்ளேயிருந்து பழுப்புத் தூளாகக் கொட்டியது. கலப்பு ஷாஃப்டில் இத்தனை மழைக்காலம் போயும் உள்ளே வெளியே ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தப் பழைய ஸ்டீல், வயிற்றில் அத்தனை துருவை வைத்துக்கொண்டும் ஒரு நாள்கூடச் சத்தம் போட்டதில்லை.

இப்போது ஏழாம் நம்பருக்கு வருகிறேன்.

மாற்றிய சில மாதத்தில் அது பேச ஆரம்பித்தது. கிளப்பை நிமிர்த்தினால் "சர்ர்ர்" என்று எதுவோ உள்ளே ஓடும், கிரிப் பக்கத்தில் "டிக்" என்று முட்டும். கவிழ்த்தால் அதே பயணம் திரும்ப. ஏதோ பசைத்துணுக்கு, ஒரு கிராம்கூட இருக்காது. சும்மா நடக்கும்போது கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். இது கேட்பது, அடிக்கக் கிளப்பைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்கின் நடுவில், கிளப் ஹெட் வானத்தைப் பார்க்கும் அந்த ஒரு நொடியில். மூச்சைப் பிடித்து, தோளைத் திருப்பி, எதையும் யோசிக்காதே என்று மனசை அடக்கி வைத்திருக்கும்போது காதுக்குப் பக்கத்தில் "சர்ர்ர்... டிக்". அங்கே ஸ்விங் ஒரு நூல் தயங்கும். கோல்ஃபில் ஒரு நூல் என்றால் பந்து மணல்குழியான பங்கருக்குள். எங்கள் நாலு பேர் செட்டில் ஒருவர், "என்ன சார், ஏழாம் நம்பருக்குச் சலங்கை கட்டியாச்சா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். ஏழாம் நம்பரை எடுக்க வேண்டிய 150 யார்டு வந்தால் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார்கள்.

ஷாஃப்ட் போட்ட கடையில் போய்ச் சொன்னேன். "கிராஃபைட்ல இது சகஜம் சார், ஆட்டத்த பாதிக்காது" என்றார்கள். உண்மைதான். எடைக்கணக்கில் அது ஒன்றுமே இல்லை. எனக்குக் கோபம் வந்ததே அவர்கள் சொன்னது சரியாக இருந்ததால்தான். அடுத்து, வெயிலில் நிற்கிற கார் டிக்கியில் வைத்திருப்பீர்கள், பசை இளகியிருக்கும் என்றார்கள். டிக்கிச் சூடு பசைக்கு ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். என் பை எப்போதும் வீட்டுக்குள், அலமாரிப் பக்கத்தில்தான் நிற்கும். அதைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் கிரிப் முனையில் இருக்கிற சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் பசையை ஊற்றி, ஹெட்டைக் கீழே வைத்து ராத்திரி முழுக்க நிற்க வைத்துக் கொடுத்தார்கள். துணுக்கு போய் அதில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. ஒட்டிக்கொண்டது. மே மாதம் வந்ததும் விட்டுக்கொண்டது. இந்தத் தடவை இரண்டு குரல்.

இது ஷாஃப்டின் குற்றம் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 130 கிராம் இருந்த இடத்தில் 95 கிராம் போட்டால் ஸ்விங்வெய்ட், அதாவது வீசும்போது ஹெட் கையில் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு, நாலு பாயின்ட் வாக்கில் இறங்கிவிடும். ஹெட் கையில் இருப்பதே தெரியாது. பழைய டி2 அளவுக்கே கொண்டுவர வேண்டுமென்றால் ஹெட் பக்கம் ஏழெட்டு கிராம் சேர்க்க வேண்டும். அதற்காக ஷாஃப்டின் நுனிக்குள் ஒரு குட்டிப் பித்தளைப் பின்னைச் செருகிப் பசை வைப்பார்கள். வெளியே தெரியாது, பார்க்க அழகாக இருக்கும். செருகுகிறவர் பொறுமையாகச் செய்தால் ஆயுசுக்கும் அசையாது.

இந்தத் தடவை வேறொரு பட்டறைக்குப் போனேன். போகும்முன் ஒரே பயம்தான். ஸ்டீல் ஷாஃப்டில் ஹெட்டைக் கழற்ற கேஸ் டார்ச்சைக் காட்டி, ஒரு முறுக்கு முறுக்கி இழுத்துவிடலாம். கலப்பு ஷாஃப்டில் அதைச் செய்தால் ரெசின் வெந்து, நுனியில் நார் நாராகப் பிரிந்து, ஷாஃப்ட் குப்பைக்குத்தான். இவர் டார்ச்சைத் தொடவில்லை. ஃபெரூலைக் கீறி எடுத்தார், ஹெட்டை இழுத்தெடுக்கும் புல்லர் கருவியில் கிளப்பைப் பூட்டினார், ஹீட் கன்னை ஹோசலுக்கு, அதாவது ஹெட்டில் ஷாஃப்ட் நுழைகிற குழாய்க்கு, மட்டும் காட்டிக்கொண்டே திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். எரிந்த பசை வாடை வந்தது. ஹெட் முறுக்கில்லாமல் நேராக நகர்ந்து வெளியே வந்தது. பின்னை இடுக்கியால் உருவி விளக்கடியில் காட்டினார். ஒரு பக்கம் பசை பிடித்திருந்தது, மறுபக்கம் கடையில் வாங்கினபடியே மினுமினு என்று இருந்தது. "தேய்க்கவே இல்ல சார். சொரசொரப்பு இல்லாம பசை எத புடிச்சுக்கும்?" பின்னையும் ஷாஃப்ட் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்தார், துடைத்தார், இரண்டு பாக எப்பாக்ஸியைப் புதிதாகக் கலந்து ஒட்டினார், மறுநாள் வரை தொடக்கூடாது என்றார். மேசைமேல் கிடந்த இரண்டு துணுக்குகளும் அரிசியளவுதான், தேன் நிறம். இவ்வளவு நாள் என்னை ஆட்டி வைத்தது இதுதானா என்று பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் கூடியது.

ஏழாம் நம்பர் இப்போது மௌனம். மற்ற ஐந்தில் இருக்கிற பின்களும் அதே கை, அதே நாள் செருகியவை. ரவுண்டுக்கு முன்னால் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்கிற வழக்கம் வந்துவிட்டது. ஒன்பதாம் நம்பர்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

சில்லறை விஷயங்கள்: விறைப்பைக் குறிக்க ஆர், எஸ் என்று ஷாஃப்டில் போட்டிருக்கும் எழுத்தை நம்பாதீர்கள், அதற்குப் பொது அளவுகோல் கிடையாது, ஒரு கம்பெனியின் எஸ் இன்னொன்றின் ஆர். அடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அப்புறம், கிராஃபைட் போட்ட டிரைவரையும் அயர்ன்களையும் பையில் ஒரே அறையில் போடாதீர்கள். கேடி நடக்க நடக்க அயர்ன் ஹெட் ஷாஃப்ட் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே வரும்.

சரி, மாறலாமா? கை வலிக்கிறவருக்கு இதைவிட நல்ல ஷாஃப்டை நான் அடித்ததில்லை. கணக்குப் போட்டால் வாங்குங்கள் என்றுதான் வரும். ஆனால் நண்பர் என்னிடம் கேட்டது பட்டறையில் பணம் கொடுத்துவிட்டு வந்த அன்று. அதனால் என் பதில்: வேண்டாம். லேசான ஸ்டீல் போடுங்கள், ரேஞ்ச் விரிப்பை விடுங்கள், மிச்சப் பணத்தில் குடும்பத்தோடு கொடைக்கானல் போய் வாருங்கள். "அப்போ நீங்க திரும்ப ஸ்டீலுக்கு மாறுவீங்களா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அது எப்படி என்றார். எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

இதையும் மீறி வாங்குகிறவர்கள் கடையில் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: உள்ளே பின் வேண்டாம். ஸ்விங்வெய்ட் நாலு பாயின்ட் குறைந்தால் குறையட்டும், ஒரு மாதத்தில் கை பழகிவிடும். பழகாவிட்டால் ஹெட்டின் பின்பக்கம் ஈயப் பட்டை ஒட்டிக்கொள்ளலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும். சத்தம் போடாது.