போர்ச்சுகலின் பழைய ஊர்கள்: மூன்று வழிகள், ஏழு இரவுகள்

லிஸ்பனில் இறங்கி, ஒரு வாரத்தில் போர்ச்சுகலின் கோட்டை ஊர்களைச் சுற்றிவர நினைப்பவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, லிஸ்பனுக்கு வடக்கே ஓபிடோஸ், அல்கோபாசா, பட்டால்யா, தோமார் என்று செல்லும் மடாலய வழி. இரண்டாவது, கிழக்கே ஸ்பெயின் எல்லை வரை விரியும் அலென்டெஜோ சமவெளி. எவோரா அதன் தலைநகர். மூன்றாவது, வடகிழக்கில் பெய்ரா மலைநாட்டில் ‘வரலாற்றுக் கிராமங்கள்’ என்று அரசுத் திட்டமொன்று பெயர் சூட்டிய பன்னிரண்டு ஊர்கள். படங்களில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்: ஒரு மதில், ஒரு கோபுரம், வாசலில் பூந்தொட்டி. மூன்றிலிருந்தும் ஒவ்வொரு துண்டைக் கிள்ளியெடுத்து ஒரே வாரத்தில் அடைத்துவிடும் பயண அட்டவணைகள் பெருகியதும் அதனால்தான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை இரண்டு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடக்கூடிய சின்னஞ்சிறு ஊர்கள். எனவே எத்தனை ஊர் பார்க்கலாம் என்ற கணக்கைவிட, சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு எந்த ஊரில் இரவைக் கழிக்கத் தகும் என்ற கேள்வியே இவற்றைத் தெளிவாகத் தரம் பிரிக்கிறது. இந்த ஒப்பீடு அந்த அளவுகோலை வைத்தே செய்யப்பட்டது.

மடாலய வழிக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய உண்டு. கட்டடக் கலையை மட்டும் பார்த்தால் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகா. 1153-இல் நிறுவப்பட்ட, சிஸ்டர்சியன் சபைத் துறவிகளின் அல்கோபாசா மடத்தில், பெட்ரோ மன்னரின் கல்லறையும் அவர் காதலி இனெஸின் கல்லறையும் காலோடு கால் எதிரெதிராக வைக்கப்பட்டிருக்கின்றன. இறுதித் தீர்ப்பு நாளில் எழும்போது இருவரும் முதலில் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள் என்பது ஊர்வழக்கு. அதே மடத்தின் சமையலறைக்குள் ஆற்றுநீர் ஓடிவரும் வாய்க்கால் ஒன்று இருக்கிறது. அண்டை நாடான கஸ்தீலின் படையை 1385-இல் வென்ற நினைவாக எழுந்த பட்டால்யாவில், முடிக்கப்படாமல் விடப்பட்ட சிற்றாலயங்கள் கூரையின்றி வானம் பார்த்து நிற்கின்றன. தோமாரில், சிலுவைப் போர்க் காலத்துத் துறவி வீரர்களான டெம்ப்ளர்கள் எழுப்பிய வட்டக் கோயில் கிறிஸ்து சபை மடத்தின் நடுவே இருக்கிறது. மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. கார் ஓட்டாதவருக்கும் இந்த வழி ஏற்றது: ஓபிடோஸுக்கு லிஸ்பனிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், தோமாருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்.

குறை எங்கே என்றால், இந்த வழியில் நாட்டுப்புறம் இல்லை. ஒரு மடத்துக்கும் அடுத்த மடத்துக்கும் இடையே நெடுஞ்சாலையும் ரவுண்டானாவும் புறநகர்க் கட்டடங்களுமே அதிகம். ஓபிடோஸின் நடுத்தெருவில் நண்பகலில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். சாக்லேட் கிண்ணத்தில் செர்ரி மது ஊற்றிக் கொடுக்கும் கடைகள் இருபுறமும் நெருக்கியடித்து நிற்கும். மதிலின் மேல் நடப்பது அருமையான அனுபவம்தான். ஆனால் அங்கே உட்புறத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது என்பதைக் குழந்தைகளுடன் செல்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மாலையில் ஊர் அமைதியாகிவிடும், உண்மை. என் கணிப்பில் இந்த வழியில் இரவு தங்கத் தகுந்த ஊர் நபாவ் ஆற்றங்கரையில் இருக்கும் தோமார் மட்டுமே. மற்றவை பகல் நேரத்துக்குப் போதும்.

அலென்டெஜோவின் இயல்பே வேறு. இங்கே ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட வெளிதான் பாதிப் பயணம். கார்க் ஓக் மரங்களின் அடித்தண்டு பட்டை உரிக்கப்பட்டுச் செம்பழுப்பாக நிற்கும். அதன்மேல் வெள்ளைச் சாயத்தில் ஒற்றை இலக்கம் எழுதியிருக்கும். ‘3’ என்றால் 2023-இல் உரித்தது என்று பொருள். ஒன்பது ஆண்டுகள் கழியாமல் மறுபடி உரிக்கக் கூடாது என்பதால், அந்த மரத்தின் அடுத்த முறை 2032-இல்தான். இதை ஒருமுறை தெரிந்துகொண்டுவிட்டால், சாலையோர மரங்களையெல்லாம் வாசித்துக்கொண்டே போகத் தோன்றும்.

எவோரா 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நகர உச்சியில் நிற்கும் முதலாம் நூற்றாண்டு ரோமானியக் கோயில் இடியாமல் பிழைத்ததற்குக் காரணம் பக்தியோ கலையார்வமோ அல்ல. இடைக்காலம் தொடங்கி 1836 வரை அது இறைச்சிக் கூடமாகப் பயன்பட்டதுதான். பதினாறாம் நூற்றாண்டு நீர்வழிப் பாலத்தின் வளைவுகளுக்குள்ளேயே வீடுகளையும் கடைகளையும் கட்டிக் குடியிருக்கிறார்கள். எலும்புச் சிற்றாலயத்தின் வாசலில், ‘இங்கிருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறது. இத்தனையும் இருந்தும் இது அருங்காட்சியக நகரம் அல்ல. பல்கலைக்கழகம் இருப்பதால், பேருந்துகள் போன பிறகு தெருக்களை மாணவர்கள் நிறைத்துக்கொள்கிறார்கள். இரவுக்குத் தகுந்த ஊர் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

எவோராவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள விலா விசோசாவைப் பல அட்டவணைகள் தாண்டிப் போய்விடுகின்றன. தமிழ் வாசகர் தாண்டக் கூடாத ஊர் அது. நம்மவர் அண்டிரிக் அடிகளார் என்று குறிப்பிடும் இயேசு சபைப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 1520-இல் பிறந்தது அங்கேதான். அவர் உழைப்பால் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவ மறைக்கல்வி நூல் 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. பம்பாயைச் சீதனமாகக் கொண்டு இங்கிலாந்து மன்னரை மணந்த கத்தரீனாவும் 1638-இல் அவ்வூரில் பிறந்தவரே. பிரகான்சா கோமக்களின் அரண்மனை முகப்பு முழுவதும் பளிங்கு. சுற்றுவட்டாரமே பளிங்குச் சுரங்கம் என்பதால், சாதாரண வீட்டு வாசற்படியும் பளிங்காக இருப்பதைப் பார்க்கலாம். ஊருக்குப் போகும் வழியில் உள்ள எஸ்ட்ரெமோஸில் சனிக்கிழமைச் சந்தை கூடும். காய்கறி, பாலாடைக்கட்டி, கோழி, பழம்பொருள் என்று பெரிய சதுக்கம் நிறைந்துவிடும். அங்கு செய்யும் வண்ணக் களிமண் பொம்மைகளை யுனெஸ்கோ 2017-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மொன்சராஸைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். வெள்ளைச் சுவர்களும் பலகைக்கல் தளமும் கொண்ட ஒற்றைத் தெருதான் ஊர். அதன் கீழே, 2002-இல் அணையின் மதகுகளை மூடிய பிறகு நிரம்பிய அல்கேவா ஏரி. லூஸ் என்ற பழைய கிராமம் அந்தத் தண்ணீருக்கு வழிவிட்டு வேறிடத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. ஏரிப் பகுதி இரவு வானத்துக்குப் பெயர்பெற்றது. தெருவிளக்குகளைக் குறைத்து, தொலைநோக்கி நிலையம் அமைத்து, இருட்டையே ஒரு வளமாக்கியிருக்கிறார்கள்.

இனி பெய்ரா. ஊர்கள் ஒருவகையில் இன்னும் அழகானவை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மொன்சாண்டோவில் யானைப் பருமன் உள்ள கருங்கல் உருண்டைகளுக்கு அடியிலும் இடுக்கிலும் வீடுகளைச் செருகியிருக்கிறார்கள். ஒரு பாறையே கூரை, இன்னொன்று பின்சுவர். 1938-இல் நடந்த போட்டியில் ‘போர்ச்சுகலிலேயே அதிகம் போர்ச்சுகலான கிராமம்’ என்ற பட்டத்தை அது வென்றது. பரிசாகக் கிடைத்த வெள்ளிச் சேவலின் நகல் மணிக்கூண்டின் உச்சியில் இன்றும் நிற்கிறது. சொர்தெல்யா முழுக் கருங்கல் மதிலுக்குள் அடங்கிய சிற்றூர். பியோதாவ், மலைச்சரிவில் அடுக்கிய கரும்பலகைக்கல் வீடுகள். ட்ரான்கோசோவில் 1282-இல் டினிஸ் மன்னருக்கும் இசபெல்லுக்கும் திருமணம் நடந்தது. அதே இசபெல் அரசி 1336-இல் உயிர்விட்டது அலென்டெஜோவின் எஸ்ட்ரெமோஸ் கோட்டையில்; அங்கு இப்போது விடுதி நடக்கிறது.

இரண்டு நிலங்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க இரு சான்றுகள் போதும். எல்லைக் காவலுக்காகக் கட்டிய விண்மீன் வடிவக் கோட்டை இரண்டிலும் உண்டு. பெய்ராவின் அல்மெய்டாவை 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பழைய கோட்டை தரைமட்டமானது. இன்று அதன் அரண்கள் மேல் நடந்தால் புல்லும் காற்றும்தான் துணை. அலென்டெஜோவின் எல்வாஸோ 843 வளைவுகள் கொண்ட நீர்வழிப் பாலமும், இருபுறக் குன்றுகளில் துணைக் கோட்டைகளும், எல்லை தாண்டிச் சாப்பிட வரும் ஸ்பானியர் கூட்டமுமாக நடமாட்டம் உள்ள ஊர். அளவும் பிரமிப்பும் வேண்டுவோர்க்கு எல்வாஸ். தனிமை வேண்டுவோர்க்கு அல்மெய்டா.

யூத நினைவைத் தேடிச் செல்பவர்க்கு இந்தத் தராசு மறுபக்கம் சாய்கிறது. மலையுச்சி ஊரான மார்வாவுக்கு அருகிலுள்ள கஸ்டெலோ டி வீட் என்னும் அலென்டெஜோ ஊரில், பழைய யூதத் தெருவும் சிறு தொழுகைக்கூடமும் பேணப்பட்டிருக்கின்றன. கோவாவில் வாழ்ந்து இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி எழுதிய கார்சியா டி ஓர்டா அங்கே பிறந்தவர். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1580-இல், அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். ஆனால் அங்கே எஞ்சியிருப்பது கல் மட்டுமே. பெய்ராவின் பெல்மோண்டேயில் மக்கள் எஞ்சினார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு இறுதியில் கட்டாய மதமாற்றம் வந்த பிறகும், வீட்டுக்குள் மறைவாகத் தலைமுறை தலைமுறையாக நோன்பும் விளக்கும் காத்துவந்த சமூகம், 1996-இல் வெளிப்படையாகத் தொழுகைக்கூடம் திறந்தது. மதம் மாறிய யூதக் குடும்பத்தில் பிறந்த அண்டிரிக் அடிகளாரை நினைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடப்பது தனி உணர்வு.

இருந்தும் ஒரு வாரம் முழுவதையும் பெய்ராவுக்குக் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். இளைஞர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே லிஸ்பனுக்கும் பிரான்சுக்கும் போய்விட்ட ஊர்கள் இவை. 1991-இல் தொடங்கிய திட்டம் கற்களைச் சீரமைத்தது. ஆட்களைத் திரும்பக் கொண்டுவருவது அதன் கையில் இல்லை. மதிலுக்குள் மாலை ஏழு மணிக்குப் பல சன்னல்கள் இருட்டாக இருக்கும். ஓரிரவு அது மனதைத் தொடும். நான்காம் இரவில் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்பதே கவலையாகும். மேலும், வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் ஊர்கள் மலைப்பாதையில் பக்கத்தில் இல்லை. பன்னிரண்டையும் இணைக்கும் நடைபாதை வட்டமே ஏறக்குறைய 600 கிலோமீட்டர்.

சாலைச் செலவில் பெய்ரா சற்றுச் சிக்கனம். அதன் முதுகெலும்பான ஏ23, ஏ25 நெடுஞ்சாலைகளில் 2025 ஜனவரி முதல் சுங்கம் இல்லை. எவோரா வழியாக எல்வாஸ் செல்லும் ஏ6-இல் உண்டு. இரண்டு நிலங்களுக்கும் கார் இன்றியமையாதது. ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். இந்திய உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்ல வேண்டும். பெட்ரோல் பங்கில் ‘கசோலினா’ என்பது பெட்ரோல், ‘கசோலியோ’ என்பது டீசல். அவசரத்தில் குழம்ப வசதியான பெயர்கள். மதில் வாசலுக்கு வெளியே காரை நிறுத்திவிடுங்கள். உள்ளே தெரு குறுகிக்கொண்டே போய், கடைசியில் பின்னோக்கி ஓட்டி வெளியேற வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில் அலென்டெஜோவுக்கே என் வாக்கு. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டு, கொத்தமல்லித் தழையை நம் வீட்டைப்போலவே கை நிறைய அள்ளிப்போட்டு, ரொட்டித் துண்டுகளின் மேல் வெந்நீர் ஊற்றி முட்டையுடன் தரும் ‘அசோர்டா’ அந்நிலத்தின் ஏழை உணவு. சில கடைகளில் மீன் வேகவைத்த நீரைச் சேர்ப்பதுண்டு. சைவர் கேட்டுக்கொள்ள வேண்டும். பெய்ராவுக்கு இதில் ஒரே பதில், செர்ரா ட எஸ்ட்ரெலா மலையின் செம்மறிப் பாலாடைக்கட்டி. அதைக் கன்றின் இரைப்பைச் சாற்றால் உறையவைப்பதில்லை, ஒருவகை முள்செடிப் பூவால் உறையவைக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்கு நல்ல செய்தி. கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டியும் ஆலிவும் எங்கேயும் இலவசம் அல்ல; வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஜூலை, ஆகஸ்ட் இரண்டுமே இரு நிலங்களுக்கும் ஆகாது. அலென்டெஜோவின் அமரலேஜாவில் 2003 ஆகஸ்டில் வெப்பம் 47 டிகிரியைத் தாண்டியது. உள்நாட்டு மலைகளிலோ அது காட்டுத்தீக் காலம். ஏப்ரல், மே மாதங்களில் சமவெளி பூத்துக் கிடக்கும். திராட்சை அறுவடை முடியும் அக்டோபரும் நல்லதே.

என் அட்டவணை இது. புதன், வியாழன் இரவுகள் எவோராவில். வெள்ளி இரவு மொன்சராஸில், முடிந்தால் நிலவில்லா வாரத்தில். சனி காலை எஸ்ட்ரெமோஸ் சந்தை, பிற்பகல் விலா விசோசா, பிறகு வடக்கே மார்வாவ் மலையுச்சியில் இரண்டு இரவுகள். ஞாயிறன்று கஸ்டெலோ டி வீட். எல்வாஸா விலா விசோசாவா என்ற இழுபறி வந்தால், நான் எல்வாஸை விட்டுவிடுவேன். திங்களன்று பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். அந்த நாளைச் சாலைக்குக் கொடுத்து, நீசா வழியாகத் தேஜோ ஆற்றைக் கடந்து, பாறை இடுக்கில் கழுகுகள் வட்டமிடும் ரோடாவ் பக்கமாகச் சென்று மொன்சாண்டோவில் இரண்டு இரவுகள். அங்கே மூடிக்கிடக்க அருங்காட்சியகம் எதுவும் இல்லை. ஆனால் திங்கள் இரவு உணவகம் மூடியிருக்கலாம் என்பதால், வழியில் காஸ்டெலோ பிராங்கோவில் ரொட்டி, ஆலிவ், ஒரு வட்டப் பாலாடைக்கட்டி வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.