ரூக்கி குவார்ட்டர்பேக்குக்காக விதைநெல்லை விக்கலாமா?

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்-ல வருஷா வருஷம் காலேஜ் பசங்களை டீம்கள் ரவுண்ட் ரவுண்டா வரிசையா எடுத்துக்கற ஏற்பாட்டுக்குப் பேர் ட்ராஃப்ட், அதுல ஒரு ஆளை எடுக்கற உரிமை தான் பிக். 2023 மார்ச்ல கரோலினா பாந்தர்ஸ், சிகாகோ பேர்ஸ் கிட்டேருந்து 1-வது பிக்கை வாங்க என்னெல்லாம் கொடுத்தாங்கன்னு வரிசையா எண்ணிப் பாருங்க. அந்த வருஷத்து 9-வது பிக், 61-வது பிக், 2024 ஃபர்ஸ்ட் ரவுண்ட், 2025 செகண்ட் ரவுண்ட், இது போதாதுன்னு டி.ஜே. மூர்ங்கற ரிசீவர், அதாவது எறியற பந்தைப் பிடிக்கறவர். வந்தது ப்ரைஸ் யங், ரூக்கி (புதுசா லீக்குக்கு வர்ற ஆள்) குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவர். முதல் சீசன் டீமோட ரெகார்ட் 2-15, அதாவது 2 ஜெயம், 15 தோல்வி. அவங்க தான் லீக்லயே கடைசி, அதனால சிகாகோவுக்கு எழுதிக் கொடுத்த 2024 ஃபர்ஸ்ட் ரவுண்ட் நேரா 1-வது பிக்காவே போய் நின்னுச்சு, அதுல சிகாகோ கேலெப் வில்லியம்ஸை எடுத்துக்கிட்டாங்க. அதாவது ஒரு குவார்ட்டர்பேக் வாங்கறதுக்கு இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் சேத்துக் கொடுத்த கதை.

இதைக் காட்டி "ட்ரேட் அப் பண்றதே, அதாவது பிக்கு மேல பிக்கு கொடுத்து வரிசைல மேல ஏறறதே முட்டாள்தனம்"னு ஒரு கூட்டம் சொல்லும். உடனே இன்னொரு கூட்டம், இப்படி ஏறி எடுத்தே ஜெயிச்ச கேன்சஸ் சிட்டி குவார்ட்டர்பேக்கைக் காட்டி "அப்ப மஹோம்ஸ்?"னு கேக்கும். ரெண்டு பேரும் விலையை மட்டும் தான் பாக்கறாங்கன்னு எனக்குத் தோணுது. கொடுத்த பிக் எத்தனைங்கறதை விட, அந்தப் பையன் எந்த வீட்டுக்குள்ள காலடி வைக்கறான்கறது தான் பெரிய விஷயம், ஏன்னா நீங்க கொடுக்கற பிக்கோட உண்மையான விலையையே அந்த வீடு தான் முடிவு பண்ணுது.

பழக்கம் இல்லாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். என்.எஃப்.எல்-ல 32 டீம், ட்ராஃப்ட் 7 ரவுண்ட், போன சீசன்ல மோசமா ஆடின டீம் முதல்ல எடுக்கும். 2011-ல வந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம் ரூக்கி சம்பளம் ஒரு அளவுக்குள்ள அடைஞ்சிடுச்சு. 2010-ல சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருஷத்துக்கு 78 மில்லியன் டாலர் கான்ட்ராக்ட், அடுத்த வருஷமே அதே 1-வது பிக்கா வந்த கேம் நியூட்டனுக்கு 4 வருஷத்துக்கு 22 மில்லியன் தான். 2024-ல அனுபவசாலி குவார்ட்டர்பேக் டாக் ப்ரெஸ்காட்டுக்கு வருஷத்துக்கே 60 மில்லியன், ப்ரைஸ் யங்குக்கோ நாலு வருஷத்துக்கும் சேத்து சுமார் 38 மில்லியன். சாலரி கேப் (ஒரு டீம் மொத்த சம்பளத்துக்கு வச்ச உச்சவரம்பு) இருக்கற லீக்ல இந்த மிச்சம் சும்மா இல்ல, அதை வச்சு குவார்ட்டர்பேக்கைக் காக்கற லைன் போடலாம், ரிசீவர் வாங்கலாம், டிஃபென்ஸ் கட்டலாம். எல்லாரும் இப்படிப் பறக்கறதுக்கு இது தான் காரணம்.

இப்ப கிட்டத்தட்ட ஒரே மாதிரி விலை கொடுத்த மூணு டீமை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்.

வாஷிங்டன், 2012. 6-வது பிக், 39-வது பிக், 2013, 2014 ரெண்டு வருஷத்து ஃபர்ஸ்ட் ரவுண்டும் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்குப் போச்சு, 2-வது பிக்ல ராபர்ட் க்ரிஃபின் வந்தார். முதல் வருஷம் நிஜமாவே கண்கொள்ளாக் காட்சி. ஸ்கோர் ஆன டச்டவுன் பாஸ் 20, எதிராளி கைக்குப் போன இன்டர்செப்ஷன் 5 மட்டும், ஓடியே 815 யார்டு, டிவிஷன் ஜெயிச்சாங்க, ஆஃபென்சிவ் ரூக்கி ஆஃப் த இயர் அவர் தான். 2013 ஜனவரில சியாட்டில் கூட நடந்த பிளேஆஃப்ல அந்த முழங்கால் போச்சு. ஏற்கனவே அடிபட்ட காலோட நொண்டி நொண்டி ஆடினவரை வெளிய எடுக்காம விட்டதை நினைச்சா இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கு. அப்புறம் அவர் பழைய ஆளா வரவே இல்ல. அவங்க கொடுத்த பிக் ரெண்டும் 22, 2-ன்னு முடிஞ்சுது.

சான் ஃபிரான்சிஸ்கோ, 2021. 12-வது பிக்கோட 2022, 2023 ஃபர்ஸ்ட் ரவுண்ட், ஒரு மூணாவது ரவுண்ட் எல்லாம் மயாமிக்குக் கொடுத்து 3-வது பிக்ல ட்ரே லான்ஸ். முடிவு கரோலினாவை விட மோசம், மனுஷன் அவங்களுக்காக 4 மேட்ச் தான் ஸ்டார்ட் பண்ணார், 2022-ல ரெண்டாவது மேட்ச்லயே கணுக்கால் உடைஞ்சுது, 2023 ஆகஸ்ட்ல ஒரே ஒரு நாலாவது ரவுண்ட் பிக்குக்கு டல்லாஸுக்குத் தள்ளி விட்டாங்க. ஆனா அவங்க கொடுத்த அந்த ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்டும் என்னாச்சு தெரியுமா? 29, மறுபடியும் 29. டீம் நல்லா ஆடிக்கிட்டே இருந்ததால கொடுத்த பிக் ரெண்டும் கடைசில போய் விழுந்துச்சு. கிட்டில், டீபோ, ட்ரென்ட் வில்லியம்ஸ்னு வீடு நிறைய ஆள், அதனால 2022-ல 262-வதா, அதாவது கடைசி ஆளா எடுத்த ப்ராக் பர்டி வந்து நின்னப்பவும் வண்டி ஓடுச்சு, சூப்பர் பவுல்ங்கற ஃபைனல் வரைக்கும் போய் கேன்சஸ் சிட்டி கிட்ட ஓவர்டைம்ல 25-22-ன்னு தோத்தாங்க.

கரோலினா கொடுத்தது 1-வது பிக்கா மாறினதை முதல்லயே சொல்லிட்டேன். பேப்பர்ல மூணும் "வருங்கால ஃபர்ஸ்ட் ரவுண்ட்"னு ஒரே பேர்ல தான் எழுதியிருக்கும், ஆனா 29-க்கும் 1-க்கும் நடுவுல ஏணி வச்சாலும் எட்டாது. நல்ல டீம் கொடுத்தா அது மிச்ச சில்லறை, மோசமான டீம் கொடுத்தா விதைநெல். அதுலயும் பையன் சொதப்பினா கொடுத்த பிக் இன்னும் விலை ஏறும், ஒரே பந்தயத்துல ரெண்டு தடவை பணம் போகுது.

கரோலினா விஷயத்துல எனக்கு இன்னும் ஆறாதது டி.ஜே. மூர் தான். கண்ணை வித்து சித்திரம் வாங்கின மாதிரின்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அச்சு அசல் அது. அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி தான் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியையும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியிருந்தாங்க. புதுசா வர்ற பையன் பந்தை யாருக்கு எறிவான்? 33 வயசு ஆடம் தீலன் தான் அந்த வருஷம் அவங்களோட முக்கிய ரிசீவர், 103 கேட்ச், பாவம் அவர் குறை வைக்கல. மூர் சிகாகோல போய் 1,364 யார்டு அடிச்சார். லைன் ஓட்டையா இருந்துச்சு, யங் அந்த சீசன்ல 62 தடவை சாக் ஆனார், அதாவது எறியறதுக்கு முன்னாடியே எதிராளி கீழ தள்ளிட்டாங்க, கோச் ஃப்ராங்க் ரைக்கை 11 மேட்ச் முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உயரம் கம்மி, கை சின்னது அது இதுன்னு பையனைக் குறை சொன்னவங்க நிறைய பேர், ஆனா ஒரு 22 வயசுப் பையனை அந்த இடத்துல நிறுத்திட்டு அவன் மேல தீர்ப்பு எழுதறது நியாயமே இல்ல. 2-வதா போன சி.ஜே. ஸ்ட்ரவுட் ஹூஸ்டன்ல கலக்கினார் தான், அவரே கரோலினா போயிருந்தா அந்த நம்பர் வந்திருக்கும்னு நான் நம்பல.

இப்ப எதிர்ப்பக்கம் வருவோம். 2017-ல கேன்சஸ் சிட்டி 27-லேருந்து 10-க்கு ஏறினாங்க, அந்த 27-வது பிக்கோட ஒரு மூணாவது ரவுண்ட், 2018 ஃபர்ஸ்ட் ரவுண்ட் பஃபலோவுக்கு. முந்தின சீசன் அவங்க 12-4. அலெக்ஸ் ஸ்மித் நல்லாவே ஆடிக்கிட்டிருந்தார், ஆண்டி ரீட் கோச், ட்ராவிஸ் கெல்சி, டைரீக் ஹில் எல்லாம் வீட்டுலயே. மஹோம்ஸ் முதல் வருஷம் ஒரே ஒரு மேட்ச் ஆடினார், மீதி நேரம் ஸ்மித் எப்படித் தயாராகறார்னு பக்கத்துல உக்காந்து பாத்தார், அடுத்த வருஷம் 50 டச்டவுன், லீக்லயே மதிப்புள்ள ஆட்டக்காரருக்கான எம்.வி.பி விருது. அதுக்கப்புறம் மூணு சூப்பர் பவுல். கொடுத்த ஃபர்ஸ்ட் ரவுண்ட் 22-வதா தான் விழுந்துச்சு, அதோட விலை இன்னைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கு.

பால்டிமோர் 2018-ல இன்னும் அடக்கமா பண்ணாங்க. 52, 125, 2019 செகண்ட் ரவுண்ட் கொடுத்துட்டு பிலடெல்ஃபியா கிட்ட 32-வதும் 132-வதும் வாங்கினாங்க. ஃபர்ஸ்ட் ரவுண்ட் கடைசி பிக்னா அஞ்சாவது வருஷம் வச்சுக்கற உரிமையும் கூட வரும். அதுல வந்தவர் லமார் ஜாக்சன். ஜோ ஃப்ளாக்கோ ஏற்கனவே அங்க இருந்தார், அவசரம் இல்ல. 2019-லயே லமார் எம்.வி.பி, டீம் 14-2. பஃபலோ அதே ட்ராஃப்ட்ல படிப்படியா ஏறினாங்க, முதல்ல கார்டி க்ளென்ங்கற டாக்கிளை (லைன்ல நிக்கற ஆள்) கொடுத்து 21-லேருந்து 12, அப்புறம் 12-ஓட ரெண்டு செகண்ட் ரவுண்ட் கொடுத்து 7. ஜாஷ் ஆலன். அடுத்த வருஷத்து ஃபர்ஸ்ட் ரவுண்டைத் தொடவே இல்ல, அதைக் கவனிங்க.

அதே ஆளு, வீட்டு நிலைமை மாறினதும் வேற மாதிரி ஆடறதுக்கு ஜாரெட் காஃபை விட நல்ல சாட்சி இல்ல. 2016-ல ராம்ஸ் டென்னசிக்கு ரெண்டு ஃபர்ஸ்ட், ரெண்டு செகண்ட், ரெண்டு தேர்ட் கொடுத்து அவரை 1-வதா எடுத்தாங்க, ரூக்கி வருஷம் ஸ்டார்ட் பண்ண 7 மேட்ச்சும் தோல்வி. எல்லாரும் வேஸ்ட்னு முத்திரை குத்திட்டாங்க. ஷான் மெக்வே கோச்சா வந்தார், அடுத்த வருஷம் 11-5, அதுக்கடுத்து சூப்பர் பவுல் வரைக்கும் போனாங்க. சாம் டார்னால்டும் அப்படித்தான், ஜெட்ஸ் 6-லேருந்து 3-க்கு வர மூணு செகண்ட் ரவுண்ட் கொடுத்தாங்க, மூணே வருஷத்துல கைகழுவினாங்க, 2024-ல மின்னசோட்டாவுல நல்ல கோச்சும் நல்ல ரிசீவரும் கிடைச்சதும் டீம் 14-3.

சரி, விக்கறவங்க எப்பவும் ஜெயிக்கறாங்களா? அதுவும் இல்ல. க்ரிஃபினை வித்த ராம்ஸ் 2014 டிசம்பர்ல வாஷிங்டன் கூட ஆடினப்ப, அந்த ட்ரேட்ல கிடைச்ச பிளேயர்ஸ் எல்லாரையும் கேப்டனா டாஸுக்கு அனுப்பி 24-0-ன்னு ஜெயிச்சாங்க, பாக்க நல்லா தான் இருந்துச்சு. ஆனா அந்த வருஷங்கள்ல அவங்க ஒரு சீசன் கூட பாதிக்கு மேல ஜெயிக்கல. அந்த ட்ரேட்ல வந்த 2-வது பிக்ல க்ரெக் ராபின்சனை எடுத்து ஏமாந்தாங்க, அதே நாள்ல சொந்த 13-வது பிக்ல வந்தவர் தான் ஆரன் டொனால்ட். க்ளீவ்லாண்ட் 2016-ல குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை விட்டுட்டு பிக் மேல பிக்கா குவிச்சாங்க, ரெண்டு சீசன் ரெகார்ட் 1-15, 0-16. கையில சீட்டு நிறைய இருந்தா மட்டும் பத்தாது, ஆளைப் பாத்து எடுக்கற கண்ணு வேணும். இண்டியானாபோலிஸுக்கு அந்தக் கண்ணு இருந்துச்சு, டார்னால்டை எடுத்த அந்த 3-வது பிக்கை ஜெட்ஸ் கிட்ட வித்துட்டு 6-ல குவென்டன் நெல்சனையும் 37-ல ப்ரேடன் ஸ்மித்தையும் எடுத்து பல வருஷத்துக்கு லைனுக்கு அஸ்திவாரம் போட்டாங்க.

ஆளைக் கணிக்கறது எவ்வளவு கஷ்டம்னு கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் பழைய ட்ராஃப்ட் எல்லாம் எடுத்து ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, ஒரே பொசிஷன்ல முதல்ல எடுத்த ஆள் அடுத்ததா எடுத்த ஆளை விட நல்லா வர்றதுக்கு வாய்ப்பு கிட்டத்தட்ட 52 சதவீதம் தான். காசு சுண்டிப் போடறதை விடக் கொஞ்சம் மேல, அவ்வளவு தான். 2017-ல சிகாகோ 3-லேருந்து 2-க்கு, ஒரே ஒரு படி ஏற மூணு பிக் கூடுதலா கொடுத்து மிச் ட்ருபிஸ்கியை எடுத்தாங்க. மஹோம்ஸ் அப்ப இன்னும் வெளிய தான் இருந்தார்.

மூணாவது வழி, ரூக்கியே வேண்டாம்னு அதே பிக்குகளைக் கொடுத்து அனுபவசாலியை வாங்கறது. ராம்ஸ் 2021-ல காஃபையும், கூடவே ரெண்டு ஃபர்ஸ்ட், ஒரு தேர்டையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கி முதல் வருஷமே சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க. டென்வர் 2022-ல ரஸ்ஸல் வில்சனுக்கு ரெண்டு ஃபர்ஸ்ட், ரெண்டு செகண்ட், கூடவே மூணு பிளேயர் கொடுத்து, மேல 245 மில்லியன் கான்ட்ராக்டும் போட்டு ரெண்டே சீசன்ல அனுப்பினாங்க. க்ளீவ்லாண்ட் டெஷான் வாட்சனுக்கு மூணு ஃபர்ஸ்டோட 230 மில்லியன் முழு கேரண்டி, அதைப் பத்திப் பேசவே தோணல. இந்த வழில தோத்தா பிக்கும் போகும், கேப்பும் போகும். ரூக்கி தோத்தா பணமாவது மிஞ்சும். அதனால ராம்ஸ் மாதிரி ஒரே ஒரு ஆள் தான் குறைங்கற டீமைத் தவிர வேற யாருக்கும் இதை நான் சொல்ல மாட்டேன்.

"அப்ப மோசமான டீமுக்கு குவார்ட்டர்பேக் எப்படித்தான் வருவான், காலம் பூரா காத்துக்கிட்டே இருக்கணுமா"ன்னு கேக்கறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. பிலடெல்ஃபியா 2015-ல 7-9 தான், அடுத்த வருஷமே வென்ட்ஸுக்காக 8-லேருந்து 2-க்கு ஏறினாங்க, 2017 டிசம்பர்ல அவருக்கு முழங்கால் போற வரைக்கும் எம்.வி.பி ரேஸ்ல முன்னாடி நின்னார், நிக் ஃபோல்ஸ் வந்து சூப்பர் பவுலை முடிச்சு வச்சார். அந்த ட்ரேட் லாபம்னு தான் நான் சொல்வேன். ஆனா அவங்க கிட்ட ஜேசன் கெல்சி, லேன் ஜான்சன்னு லைன் ஏற்கனவே நின்னுக்கிட்டு இருந்துச்சு, அதை உடைச்சு விலையாக் கொடுக்கல.

என் கணக்கு இது தான்: லைன் இருக்கு, ஒரு நல்ல ரிசீவர் இருக்கான், கோச் அடுத்த வருஷமும் இருப்பார்னா ஒரு வருங்கால ஃபர்ஸ்ட் கொடுத்து ஏறலாம், ரெண்டு கொடுத்தாலும் தப்பு இல்ல. இது எதுவும் இல்லாத டீம் இருக்கற இடத்துலயே இருக்கட்டும், இல்லேன்னா விக்கட்டும். டீம்ல இருக்கற நல்ல ரிசீவரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விலையாக் கொடுக்கக் கூடாது.

கரோலினா ட்ரேட்ல ஜெயிச்ச சிகாகோவுக்கே இது பொருந்தும். கேலெப் வந்தார், மூர் இருந்தார், ட்ரேட்ல வந்த பிக்கை வச்சு 10-ல எடுத்த டாக்கிள் டார்னெல் ரைட்டும் இருந்தார், ஆனா லைன்ல மீதி இடம் ஓட்டை. 2024-ல கேலெப் 68 தடவை சாக் ஆனார், யங்கை விட 6 கூட, டீம் 5-12, கோச்சை நடு சீசன்லயே மாத்தினாங்க. 2025-ல தான் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன்னு லைன் நடுவுல மூணு பேரைப் புதுசாக் கொண்டு வந்தாங்க. கரோலினா பாக்கி வச்சிருந்த கடைசி பிக், அந்த 2025 செகண்ட் ரவுண்ட், 39-வதா வந்துச்சு. அதுல கேலெப் பந்து எறியறதுக்கு லூதர் பர்டன்னு இன்னொரு ரிசீவரை எடுத்துக்கிட்டாங்க.