மூலத்தைத் தேடுவதா, குறையைத் துடைப்பதா: பழைய ராக் பதிவுகளைச் சீர்செய்யும் வழிகள் பற்றி ஓர் அலசல்

மதுரையில் அறுபது, எழுபதுகளின் ராக் இசையைத் தேடிக் கேட்பவர்கள் சிலரே என்றாலும், அவர்களிடம் சேர்ந்துள்ள பதிவுகள் பல வழிகளில் வந்தவை. கல்கத்தாவின் டம்டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா தயாரித்த இசைத்தட்டுகள், டவுன்ஹால் ரோட்டிலும் மேலமாசி வீதியிலும் இருந்த ரெக்கார்டிங் கடைகளில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகள், கோரிப்பாளையம் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் கைமாறி வந்த கச்சேரி நாடாக்கள், பிற்பாடு வந்த சிடிகள், இப்போது வெளிநாட்டு ரசிகர்கள் சீர்செய்து பகிரும் கோப்புகள் என ஒரே ஆல்பம் ஒரே வீட்டில் நான்கைந்து வடிவங்களில் இருப்பதுண்டு. இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதைச் சீர்செய்வது, எதை அடுத்தவருக்குக் கொடுப்பது என்பதில் எங்கள் நண்பர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மென்பொருளால் குறையை மூடுவதைவிட, குறை நேர்வதற்கு முந்தைய பிரதியைத் தேடிப் போவதே மேல், அதற்கு வழியே இல்லாதபோதுதான் மென்பொருளைத் தொட வேண்டும்.

முதலில் இசைத்தட்டும், பழைய ஆல்பத்தின் ஒலியை மறுபடி சரிப்படுத்தி வெளியிட்ட ரீமாஸ்டர் சிடியும். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து வந்த ரீமாஸ்டர்களில் பலவற்றை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்தால் அலைவடிவம் மேலும் கீழும் வெட்டிவிட்ட வேலிபோலத் தெரியும். சத்தத்தைக் கூட்டுவதற்காக மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடையிலிருந்த தூரத்தைக் குறைத்துவிட்டார்கள். டிரம்ஸில் விழும் அடி மற்ற கருவிகளைத் தாண்டி எழ வேண்டிய இடத்தில் அவற்றோடு ஒரே மட்டத்தில் நின்றுவிடுகிறது. அதே ஆல்பத்தின் பழைய இசைத்தட்டைக் கழுவி, நல்ல முள் வைத்து, 24 பிட்டில் பதிந்தால் அந்த அடி மீண்டும் எழுந்து வருகிறது. கரகரப்பு இருக்கும். அதைத் தானியங்கி வடிப்பானிடம் ஒப்படைத்தால் ஸ்னேர் டிரம்மின் கூர்மையையும் கீறல் என்று நினைத்து அது எடுத்துவிடும். ஆகவே கேட்கும்போது உறுத்தும் கீறல்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிக் கையால் சரிசெய்வதே முறை. பொழுதுபோகாத வேலைதான், ஆனால் கேட்கும்போது தெரியும்.

இசைத்தட்டு எப்போதும் வெல்லும் என்று இதற்குப் பொருளல்ல. நம் ஊர்த் தூசியிலும் வெயிலிலும் வளைந்துபோன தட்டு, சுருதி ஆடுகிற தட்டாகவே இருக்கும். எந்த மென்பொருளும் அதை முழுவதும் நிமிர்த்தாது. எண்பதுகளில் வந்த முதல் சிடிகளில் பல, பிற்கால ரீமாஸ்டரைவிட அடங்கிய ஒலியோடும் பழைய தட்டைவிடச் சுத்தமாகவும் இருக்கின்றன. அப்படி ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தால், தட்டோடு மல்லுக்கட்டத் தேவையே இல்லை. புதிதாக வரும் கனமான தட்டுகளை நம்பி மட்டும் பணத்தைப் போட வேண்டாம். சத்தம் கூட்டிய அதே டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வெட்டிய தட்டில் புதிதாக எதுவும் திரும்பி வருவதில்லை.

அடுத்த போட்டி இன்னும் கடினமானது: பழைய பிரதி என்று ஒன்று இல்லாமல், பிறக்கும்போதே சிதைந்து பிறந்த ஆல்பங்கள். ரஷ் குழுவின் 2002 ஆல்பமான 'வேப்பர் டிரெயில்ஸ்' இதற்கு நல்ல சான்று. அளவு மீறிய ஒலியால் அலைமுகடுகள் வெட்டுப்பட்டு, பாட்டு முழுக்க ஒரு கரடுமுரடு படிந்திருந்தது. ரசிகர்கள் வெட்டுப்பட்ட முகடுகளை மென்பொருளால் மீண்டும் வரைந்து பார்த்தார்கள். முதலில் மொத்த ஒலியளவைக் குறைத்து மேலே இடம் ஏற்படுத்திக்கொண்டு, முகட்டின் இருபுறமும் எஞ்சிய வளைவை வைத்து நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கணக்கிட்டு நிரப்பும் முறை அது. சிறு வெட்டுகளை அது நன்றாகவே நிரப்புகிறது. நீண்ட வெட்டுகளில் ஊகம் மட்டுமே மிஞ்சுகிறது. அதைவிட முக்கியமானது, முகடு வெட்டுப்படுவதற்கு முன்பே அமுக்கப்பட்ட ஒலியை அது விரிப்பதில்லை. 2013-இல் தயாரிப்பாளர் டேவிட் பாட்ரில், கருவிகள் தனித்தனியே பதிவான பல தடப் பதிவுகளிலிருந்தே முழு ஆல்பத்தையும் மறுபடி மிக்ஸ் செய்து (அதாவது தடங்களை ஒன்றாகக் கலந்து), அது அதிகாரபூர்வமாக வந்தபோது வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. ரசிகர்களின் பதிப்பில் காதை உறுத்தியது குறைந்திருந்தது. புதிய மிக்ஸில் உறுத்தல் தோன்றவே இல்லை. முன்பு கேட்டறியாத அடுக்குகள் சில இடங்களில் மேலெழுகின்றன என்பதால் பழையதற்கே பழகியவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' 2008-இல் வந்தபோது ரசிகர்களே மூலத்தை நோக்கி ஓரடி பின்னே போனார்கள். அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' என்ற விளையாட்டுக்காகவும் வெளியிடப்பட்டன. விளையாட்டில் இருந்த வடிவம் சிடியில் இருந்ததுபோல நசுக்கப்படாதது என்பதைச் சிலர் அலைவடிவங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தனர். ஆல்பத்தை மறுபடி மாஸ்டர் செய்து தருமாறு ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு ஒன்றும் எழுந்தது. மாஸ்டரிங் (மிக்ஸுக்குப் பிந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்த டெட் ஜென்சனே, தன்னிடம் வரும்போதே மிக்ஸ்கள் அப்படித்தான் இருந்தன என்று எழுதியது அப்போது பரவியது. மாஸ்டரிங்கில் நேர்ந்த பிழையானால் மிக்ஸிலிருந்து மீட்கலாம், மிக்ஸிலேயே நேர்ந்ததானால் தனித்தனித் தடங்களுக்குத்தான் போக வேண்டும். விளையாட்டுக் கோப்பில் கருவிகள் தனித்தனியே பிரிந்திருந்ததால் அந்த வழி ரசிகர்களுக்குத் திறந்தது. அதில் இருந்தது இடம் மிச்சப்படுத்தச் சுருக்கப்பட்ட ஒலிதான் என்பது உண்மை. உச்ச அதிர்வெண்களில் கொஞ்சம் இழப்பு உண்டு. என்றாலும் சிடியையும் அதையும் அடுத்தடுத்து நல்ல ஹெட்போனில் கேட்டால், சுருக்கிய கோப்பிலிருந்து கட்டிய மிக்ஸில்தான் டிரம்ஸ் மூச்சு விடுகிறது. கோப்பு எந்த வடிவம் என்பதைவிட அது எந்தக் கட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதே பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கேட்டதில்லை.

மெட்டாலிகாவே 1988-இல் வெளியிட்ட '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டார் ஏறக்குறையக் காதிலேயே விழுவதில்லை. அதை உயர்த்திய ரசிகர் பதிப்புகள் பல உலவுகின்றன. 2018-இல் வந்த அதிகாரபூர்வ ரீமாஸ்டர் பேஸை உயர்த்தவில்லை. அந்த ரசிகர் பதிப்புகளை நான் விரும்பிக் கேட்கிறேன், ஆனால் சீர்செய்தவை என்ற வரிசையில் வைக்க மாட்டேன். குழு எடுத்த முடிவு அது. நாடாவோ தட்டோ செய்த பழுதல்ல. கலைஞரே தன் பதிவை மாற்றினாலும் நிலைமை பெரிதாக மாறிவிடுவதில்லை: ஸ்டூஜஸ் குழுவின் 'ரா பவர்' 1973-இல் டேவிட் போவியின் மிக்ஸில் வந்தது; 1997-இல் குழுவின் பாடகர் இக்கி பாப் தாமே அதை மறுபடி மிக்ஸ் செய்து கடுமையாகச் சத்தம் கூட்டினார்; 2010-இல் போவியின் மிக்ஸ் மீண்டும் கடைக்கு வந்தது. இரண்டும் கிடைக்கும்வரை யாருக்கும் நட்டமில்லை. ஒன்று கடையிலிருந்து மறைந்த ஆண்டுகளில் அதைப் பழைய தட்டிலிருந்து பதிந்து காப்பாற்றி வைத்தவர்கள் செய்ததுதான் உண்மையான பணி.

கச்சேரிப் பதிவுகளில்தான் விவாதம் சூடு பிடிக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்து மைக் வைத்துப் பதிந்த நாடாவா, மேடையின் மிக்சிங் பலகையிலிருந்து நேராக எடுத்ததா? பலகைப் பதிவுதான் சுத்தம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அரங்கின் ஒலிபெருக்கிக்குப் போனது மட்டுமே பலகையில் பதியும். சிறிய அரங்கில் மேடை ஆம்ப்ளிஃபயரே போதுமான சத்தம் போட்டால் கிட்டாரைப் பலகையில் குறைத்து வைத்திருப்பார்கள். அப்போது பதிவில் பாடகர் மட்டும் முன்னே நிற்பார், கிட்டார் எங்கோ தொலைவில் கேட்கும். கிரேட்ஃபுல் டெட் குழுவின் 1977 மே 8 கார்னெல் கச்சேரி போன்றவை விதிவிலக்கு: குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேண்டர்-ஜாக்சன் நாடாவுக்கென்றே தனி மிக்ஸ் செய்து பதிந்தவை அவை. 1986-இல் அவருடைய நாடாக்கள் கிடங்கிலிருந்து ஏலம் போய், ரசிகர் கைகளில் பிரதியாகி, கடைசியில் அந்தக் கச்சேரி 2017-இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. மறுபுறம், மைக் மில்லார்ட் என்ற ரசிகர் சக்கர நாற்காலியில் கருவிகளை மறைத்து எடுத்துச் சென்று நகமிச்சி கேசட் ரெக்கார்டரில் பதிந்த லெட் செப்பெலினின் 1977 ஜூன் 21 கச்சேரி, கூட்டத்திலிருந்து எடுத்ததாயினும் பல பலகைப் பதிவுகளைப் பின்னே தள்ளுகிறது. அவர் 1975 ஏப்ரல் 26-இல் லாஸ் ஏஞ்சலஸில் பதிந்த பிங்க் ஃபிளாய்ட் கச்சேரி, 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில், ஸ்டீவன் வில்சன் சீர்செய்து, 2025-இல் அதிகாரபூர்வமாகவே சேர்ந்தது. திருட்டுத்தனமாகப் பதிந்த நாடா என்று ஒதுக்கப்பட்டது குழுவின் சொந்த ஆவணமாகிவிட்டது.

இரண்டையும் சேர்த்துக் கலக்கும் வழியும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்வதால், மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரின் மைக்கில் அது நொடியின் பத்தில் ஒரு பங்கு தாமதமாக விழும். அதைச் சரிசெய்த பிறகும் இரண்டு ரெக்கார்டர்கள் ஒரே வேகத்தில் ஓடியிரா என்பதால் பாட்டுக்குப் பாட்டு இழுத்துப் பொருத்த வேண்டும். நன்றாகச் செய்த கலவை அருமையானது. அரைகுறையாகச் செய்ததில் ஒவ்வொரு டிரம்ஸ் அடியும் இரட்டையாகக் கேட்கும்.

நம் ஊரில் பிரதியான கேசட்டுகளுக்கு வேறொரு கவனம் தேவை. பல கடைகளின் டெக்குகளில், நாடாவில் பதியும், அதைப் படிக்கும் ஹெட் கொஞ்சம் சாய்ந்தே இருந்தது. ஆகவே பதிவுகள் மந்தமாகக் கேட்கும். உடனே மென்பொருளில் உச்ச ஒலியை ஏற்றுபவர்கள் இரைச்சலையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். அதற்குப் பதிலாக, ஒலியை மோனோவில் (இடம், வலம் இரண்டையும் ஒன்றாக்கி) வைத்துக்கொண்டு, ஹெட்டின் பக்கத்துத் திருகைச் சிறிய திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பாருங்கள். ஓரிடத்தில் சிம்பல் சட்டெனத் தெளிந்து கேட்கும். அந்த நாடாவுக்கு அதுதான் நிலை. பதிந்து முடித்ததும் டெக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

வேகத்தைக் கண்டறிய மின்சார இரைச்சலே உதவும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 என்பதால், அமெரிக்காவில் பதிந்ததின் அதிர்வெண் படத்தில் 60 ஹெர்ட்ஸில் ஒரு கோடு இருக்கலாம். இங்கே பிரதி எடுத்ததால் 50 ஹெர்ட்ஸில் இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம். அந்த 60-ஆம் கோடு 62-இல் நின்றால் நாடா நூற்றுக்கு மூன்றுக்கும் மேல் வேகமாக ஓடுகிறது, அதாவது சுருதி அரை ஸ்வரத்தில் பாதிக்கும் மேல் ஏறியிருக்கிறது. 50-ஐ மட்டும் நேராக்கினால் மதுரைக் கடையின் பிழைதான் தீரும். அதற்கு முந்தைய பிழைகளும் தீர 60-ஐயே நேராக்க வேண்டும். சரியாக 50-இல் அசையாமல் நிற்கும் கோடு பெரும்பாலும் நம் வீட்டு இணைப்பிலிருந்து வருவது. அதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது.

இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் பற்றி என் கருத்து கடுமையானது. கோயில் தூண்களில் படிந்த சுண்ணாம்பை மணல் பீய்ச்சி அகற்றியபோது கல்வெட்டு எழுத்துகளும் சேர்ந்து தேய்ந்துபோனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாடா இரைச்சலோடு சிம்பலின் கார்வையும் அரங்கின் எதிரொலியும் போய்விடுகின்றன. செயற்கை நுண்ணறிவால் குரலையும் கருவியையும் பிரிக்கும் முறைக்கு மட்டும், ஓர் இடத்தில், விலக்கு அளிக்கிறேன்: வேறு மூலமே உலகில் இல்லாதபோது. ஜான் லெனன் வீட்டில் பியானோவோடு பாடி வைத்த ஒரே கேசட்டிலிருந்து, தொண்ணூறுகளில் முயன்று கைவிட்ட பாடலை, குரலைத் தனியே பிரித்தெடுத்து 2023-இல் 'நவ் அண்ட் தென்' என்று பீட்டில்ஸ் வெளியிட்டது அத்தகையது. நல்ல ஆல்பம் கையில் இருக்கும்போது அதைப் பிரித்துச் சேர்த்தால், பிரித்த இடங்களில் நீருக்குள்ளிருந்து வருவதுபோன்ற குழைவு மிஞ்சுகிறது.

பகிர்வதில் கிரேட்ஃபுல் டெட்டின் நிலை தனி; 1984 முதல் பதிவாளர்களுக்கு அரங்கில் தனி இடமே ஒதுக்கி, விலைக்கு விற்காத வரையில் பரிமாற அனுமதித்தார்கள். அப்படி அனுமதி தராத குழுக்களுக்கு அது பொருந்தாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே எழுபதுகளின் ஆல்பங்கள் இன்னும் உரிமையாளருடையவையே; கடையில் கிடைக்கும் ஆல்பத்தை வாங்காதவருக்குச் சீர்செய்த கோப்பை நான் தருவதில்லை. தருவதை ஒலி இழப்பில்லாத ஃபிளாக் வடிவில்தான் தர வேண்டும். 128 கிலோபிட் எம்பி3 சுமார் 16 கிலோஹெர்ட்ஸோடு மேலே வெட்டிவிடும். அதை யாரோ மீண்டும் ஃபிளாக்காக மாற்றிப் பரப்பினால், அதிர்வெண் படத்தில் அந்த வெட்டு ஒரு நேர்க்கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த நாடா, எந்த டெக், எத்தனையாவது பிரதி, என்ன செய்யப்பட்டது என்ற குறிப்பும், எதையும் தொடாத முதல் பதிவும் கூடவே போக வேண்டும்.

மதுரைப் பக்கம் வீட்டில் அத்தகைய கச்சேரி கேசட் வைத்திருப்பவர்கள், ஆசைப்பட்டு உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அதைத் துடைக்காமல் ஓட்டக் கூடாது, அது ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடாவின் பின்னால் இருக்கும் சிறிய கம்பளித் துணுக்கு பசை காய்ந்து விழுந்திருந்தால், அதே அளவுள்ள சாதாரணக் கேசட் ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்துங்கள். பிறகு ஒருமுறை முழுவதும் முன்னே ஓட்டிப் பின்னே சுற்றி, நாடா தளர்ந்த பின் பதியத் தொடங்கலாம்.