கடைப் பலகைக்குத் தடித்த எழுத்து: பொடோனியா, கூப்பரா, கிளாரெண்டனா?

பினாங்கு லிட்டில் இந்தியாவின் கடைப் பலகைகளில் ரோமன் எழுத்தில் எழுதும் மலாய்ப் பெயருக்கு முதலிடம் தந்து, தமிழை அதன் அடியிலோ பக்கத்திலோ வைப்பதே வழக்கம் என்பதால், ரோமன் எழுத்துருவை மட்டும் தனியே பார்த்துத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். எழுத்தின் முனைகளில் சிறு கோடு நீளும் செரிஃப் வகையில், தலைப்புக்குப் பயன்படும் தடித்த எழுத்துருக்கள் மூன்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

போஸ்டர் பொடோனி, லைனோடைப் நிறுவனத்துக்காக 1929இல் சான்சி கிரிஃபித் வரைந்தது. நிமிர்ந்த கோடுகள் தூண்போல் கனத்திருக்க, குறுக்குக் கோடுகளும் செரிஃபும் முடியளவே மெலிந்திருப்பதால், திருமணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை இதில் அச்சிட்டால் மிடுக்கு தானாக வந்துவிடும். உள்ளே விளக்கெரியும் பலகையிலோ கதை வேறு: வெள்ளைப் பரப்பின் ஒளி கறுப்பெழுத்தின் ஓரங்களில் கசிந்து அந்த மெல்லிய கோடுகளை விழுங்கிவிட, சாலைக்கு எதிர்ப்புறம் நிற்பவருக்கு வரிசையாக நட்ட கட்டைகள் மட்டுமே தெரியும். நகைக்கடைகள் இதை விரும்புவதில் வியப்பில்லை, ஆனால் பகட்டு வேறு, படிக்க முடிவது வேறு.

1922இல் சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் வெளியிட்ட கூப்பர் பிளாக்கில் கூர்முனையே கிடையாது; செரிஃபும் உருண்டு திரண்டிருக்கும். ஈசிஜெட் விமான நிறுவனத்தின் பெயரைப் பார்த்தவர்களுக்கு இதன் முகம் தெரியும். வளைவுகள் மிகுந்த தமிழோடு ஒட்டி உறவாடுவதும் இதுவே என்பதால், பலகாரக் கடைக்கும் விழாப் பேனருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். குறை ஒன்று உண்டு: ரோமன் சிற்றெழுத்து a, e இரண்டிலும் உள்வெளி, அதாவது வளைவுக்குள் அடைபட்ட வெற்றிடம், மிகச் சிறியது, அவை அடிக்கடி வரும் மலாய்ச் சொற்களைச் சிறிய அளவில் அச்சிட்டால் மை அடைத்துக்கொள்ளும். வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இதைக் கேட்டு வருபவரை, நல்ல அச்சகத்தார் பக்குவமாகத் திருப்பி அனுப்புவார்.

கிளாரெண்டன் மூன்றிலும் மூத்தது. லண்டன் ஃபான் ஸ்ட்ரீட் அச்செழுத்து வார்ப்பகத்தில் 1845இல் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டது. செரிஃப் கனமானது, கோட்டோடு வளைந்து இணைவது. தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வேறுபாடும் அளவானது. ஆகவே தொலைவிலும் இரவொளியிலும் எழுத்து சிதையாது. பொடோனியின் ஒயிலோ கூப்பரின் சிரிப்போ இதில் இல்லை. ஆயினும், மருந்தகம், துணிக்கடை, புத்தகக் கடை என நிலைத்து நிற்க வேண்டிய பலகைகளுக்கு என் தேர்வு இதுவே.

இதற்குத் துணையாக நோட்டோ செரிஃப் தமிழ் என்ற தமிழ் எழுத்துருவைக் கொள்ளலாம். அதில் 9 கனங்கள் உள்ளன. ரோமன் எழுத்து கனமாயிருக்கிறதே என்று தமிழுக்கும் உச்சக் கனத்தை எடுத்தால் ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டு, புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஓரிரு படி குறைத்து, அளவைச் சற்றே கூட்டினால் இரு வரிகளும் ஒரே கனமாய்த் தோன்றும்.