சைக்கிள், மின்விசிறி, சங்கு: மூன்று வாரிசுகளின் பாகப்பிரிவினை

2024 ஜூன் 4ஆம் தேதி, ஒரே நாளில் மூன்று அரசியல் வீடுகளுக்குத் தீர்ப்பு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் அகிலேஷ் யாதவின் சமாஜ்வாதி கட்சி 37 மக்களவைத் தொகுதிகளைப் பிடித்து நாட்டின் மூன்றாவது பெரிய கட்சியானது. ஆந்திராவில் 151 எம்எல்ஏக்களோடு முதலமைச்சராக இருந்த ஜெகன் மோகன் ரெட்டிக்குக் கையில் மிஞ்சியது 11. ஒடிசாவில் 24 ஆண்டு நாற்காலியில் இருந்த நவீன் பட்நாயக் 147 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 51 இடத்தோடு வெளியே வந்தார்.

மூவருமே முதலமைச்சர் வீட்டுப் பிள்ளைகள். மூவரும் எடுத்த வழி மட்டும் வேறு வேறு. அகிலேஷ் அப்பா கட்டிய கட்சியைச் சண்டை போட்டு வாங்கினார். ஜெகன் அப்பா இருந்த கட்சியை உதறிவிட்டு, அப்பாவின் பெயரில் புது வீடு கட்டினார். நவீன் வந்தபோது வீட்டில் பங்கு கேட்க யாருமே இல்லை. இதில் எது நல்ல வழி?

அரசியல் வாரிசுக்கு வரும் சொத்து இரண்டு வகை. ஒன்று கட்சி: சின்னம், ஆபீஸ், மாவட்ட நிர்வாகிகள், பூத்தில் உட்கார ஆள். இன்னொன்று பெயர்: படத்தைப் பார்த்ததும் கும்பிடுகிற ஜனம். நில பாஷையில் சொன்னால், கட்டடம் ஒருத்தர் பெயரிலும் மனை இன்னொருத்தர் பெயரிலும் இருக்கிற மாதிரி. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அகிலேஷும் ஜெகனும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஜெகன் 1972 டிசம்பர், அகிலேஷ் 1973 ஜூலை. இரண்டு பேர் கதையிலும் ஒரு சித்தப்பா வருகிறார். இரண்டு பேருமே வீட்டுக்குள் சண்டை போட்டவர்கள்தான். ஆனால் எப்போது போட்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் சைக்கிள், சமாஜ்வாதியின் சின்னம். 2012இல் சமாஜ்வாதி 403க்கு 224 இடம் ஜெயித்தபோது முலாயம் சிங் தான் உட்காராமல் மகனை உட்கார வைத்தார். 38 வயது முதலமைச்சர். உட்கார வைத்தார்களே தவிர, வீட்டுச் சாவியைக் கொடுக்கவில்லை. 'உ.பி.க்கு நாலரை முதலமைச்சர்' என்று லக்னோவில் ஒரு கிண்டல் ஓடியது. அப்பா, சித்தப்பா ஷிவ்பால், அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ராம்கோபால், கட்சியின் மூத்த தலைவர் ஆசம் கான் ஆகிய நாலு பேர் முழு முதலமைச்சர்கள். அந்த அரைதான் அகிலேஷ்.

அந்த அரை முழுசாக நாலரை வருடம் எடுத்தது. 2016 அக்டோபர் 24, லக்னோ கட்சி அலுவலகம். முலாயம் மேடையில் இருக்கிறார். மகன் பேசும்போது குரல் கம்முகிறது. கொஞ்ச நேரத்தில் சித்தப்பா மைக்கைப் பிடுங்கி, முதலமைச்சர் பொய் சொல்கிறார் என்கிறார். தள்ளுமுள்ளு. இத்தனையும் கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது! கல்யாண வீட்டில் பங்காளிகள் பந்தியில் வைத்து அடித்துக்கொள்வார்களே, அதே காட்சி. டிசம்பர் 30ஆம் தேதி முலாயம் மகனை ஆறு ஆண்டுக்குக் கட்சியை விட்டு நீக்கினார். மறுநாளே அது ரத்தானது. அதற்கு மறுநாள், புத்தாண்டு அன்று, லக்னோ ஜனேஷ்வர் மிஸ்ரா பூங்காவில் மாநாடு கூட்டி அகிலேஷ் தேசியத் தலைவரானார். அப்பா 'புரவலர்' ஆக்கப்பட்டார். வீட்டுப் பெரியவரை முன்ஹாலில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சாவிக்கொத்தை மருமகள் இடுப்பில் செருகிக்கொள்வது போல.

அப்புறம் தேர்தல் ஆணையம். சைக்கிள் யாருக்கு? அப்பா 1992இல் தொடங்கிய கட்சி, அப்பாவே உயிரோடு இருக்கிறார், டெல்லிக்கு வந்து நேரில் பேசுகிறார். மகன் பக்கம் பிரமாணப் பத்திரங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் குவித்தது. 228 எம்எல்ஏக்களில் 205 பேர் மகனோடு. 2017 ஜனவரி 16ஆம் தேதி சைக்கிள் மகனுக்குத் தீர்ப்பானது. பாசம், பெற்ற உரிமை எதுவும் அங்கே எடுபடவில்லை, தலைகளை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

வாங்கிய சைக்கிளில் ஏறிய கையோடு விழுந்தார். 2017 தேர்தலில் 47 இடம். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கூட்டாளியை மாற்றினார். 2017இல் காங்கிரஸ். 2019இல் ஜென்ம விரோதியான மாயாவதி. மைன்புரி மேடையில் முலாயமுக்காக மாயாவதி ஓட்டுக் கேட்டதை உ.பி. அரசியல் தெரிந்தவர்கள் இரண்டு தடவை கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்திருப்பார்கள். அதுவும் சரிவரவில்லை, சமாஜ்வாதிக்கு 5, மாயாவதிக்கு 10. 2022இல் ராஷ்டிரிய லோக் தளமும் சின்னச் சின்ன சாதிக் கட்சிகளும்: 111. 2024இல் திரும்பவும் காங்கிரஸ்: 37.

கூட்டணியை விட முக்கியம், வீட்டில் நடந்த ஒட்டுவேலை. தனிக்கட்சி கண்ட ஷிவ்பால் 2022இல் ஜஸ்வந்த்நகரில் அண்ணன் மகனின் சைக்கிள் சின்னத்திலேயே நின்றார். அந்த அக்டோபரில் முலாயம் காலமானார். காலியான மைன்புரியில் அகிலேஷின் மனைவி டிம்பிள் நின்றார், சித்தப்பா ஊர் ஊராக மருமகளுக்கு ஓட்டுக் கேட்டார். டிசம்பர் 8, ஓட்டு எண்ணிய அன்றே அவர் கட்சி சமாஜ்வாதியில் கலந்தது. 2024இல் ஷிவ்பாலின் மகன் ஆதித்யா பதாயூன் எம்பி. எல்லாம் ஒட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முலாயமின் இன்னொரு மருமகள் அபர்ணா 2022 ஜனவரியில் பாஜகவுக்குப் போய்விட்டார்.

2024இல் அகிலேஷ் செய்த கணக்கு ஒன்று எனக்குப் பிடித்தது. யாதவக் கட்சி என்று பெயரெடுத்த கட்சி, உ.பி.யில் யாதவர்களுக்குக் கொடுத்த சீட் ஐந்தே ஐந்து. அந்த ஐந்தும் அவர் குடும்பத்துக்கே. அகிலேஷ், டிம்பிள், தர்மேந்திரா, அக்ஷய், ஆதித்யா என்று ஐந்து பேரும் ஜெயித்தார்கள். மீதிச் சீட்டுகளில் பெரும்பகுதி மற்ற பிற்பட்டோர், தலித், முஸ்லிம் வேட்பாளர்கள் பக்கம் போனது. அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் பொதுத் தொகுதியில் அவதேஷ் பிரசாத் என்ற தலித் தலைவரை நிறுத்தி ஜெயித்தது அதன் உச்சம். குடும்ப ஆட்சி என்று திட்டலாம், திட்டவும் வேண்டும். ஆனால் சொந்த சாதிக்காரனிடம் 'இந்தத் தடவை நீ பொறு' என்று சொல்லி, அவன் கோபித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளப் பழைய கட்சி ஒன்று தேவை. அதைத்தான் அவர் 2017இல் வாங்கியிருந்தார்.

அடுத்தது மின்விசிறி, ஜெகன் கட்சியின் சின்னம். (ஆந்திராவிலும் ஒரு சைக்கிள் உண்டு, தெலுங்கு தேசத்தினுடையது. 1995இல் சந்திரபாபு நாயுடு அதை மாமனார் என்.டி.ஆரிடமிருந்து எடுத்துக்கொண்ட கதை தனி. சைக்கிள் சின்னத்துக்கும் குடும்பச் சண்டைக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் போல.)

2009 செப்டம்பர் 2ஆம் தேதி ஆந்திராவின் காங்கிரஸ் முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி நல்லமலைக் காட்டில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். மகன் ஜெகன் அப்போதுதான் கடப்பா எம்பி ஆகியிருந்தார். எம்எல்ஏக்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டும் காங்கிரஸ் மேலிடம் நாற்காலியை ரோசய்யாவிடம் கொடுத்தது. அப்பாவின் சாவுச் செய்தியில் உயிர்விட்டவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்ல 'ஓதார்ப்பு யாத்திரை' போகிறேன் என்றார் ஜெகன், மேலிடம் வேண்டாம் என்றது. போனார். 2010 நவம்பரில் கட்சியை விட்டார். 2011இல் புதுக் கட்சி, ஒய்எஸ்ஆர் காங்கிரஸ். அதன் பெயரில் வரும் 'ஒய்எஸ்ஆர்' விரித்தால் யுவஜன, ஸ்ரமிக, ரைத்து, அதாவது இளைஞர், தொழிலாளி, விவசாயி. சுருக்கினால் அப்பா. பத்திர எழுத்தர் கெட்டார்!

அந்த மே மாதம் கடப்பா இடைத்தேர்தலில் வித்தியாசம் 5.45 லட்சம் ஓட்டு. பெயர் என்ற சொத்தின் மதிப்பு அப்போதுதான் டெல்லிக்கு உறைத்தது. அதே நேரம் புலிவெந்துலாவில் ஜெகனின் அம்மா விஜயம்மாவை எதிர்த்து காங்கிரஸில் நின்றவர் சித்தப்பா விவேகானந்த ரெட்டி. தோற்றார், பிறகு அண்ணன் மகன் கட்சிக்கே வந்தார். ஆக ஜெகனுக்கும் ஒரு பங்காளிச் சண்டை ஆரம்பத்திலேயே இருந்தது, ஆனால் அம்மாவும் தங்கையும் கூடவே நின்றார்கள். 2012 மே மாதம் சொத்துக் குவிப்பு வழக்கில் சிபிஐ கைது செய்து 16 மாதம் சஞ்சல்குடா சிறையில் இருந்தபோது (குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார்) அம்மா பிரசாரத்துக்குப் போனார், தங்கை ஷர்மிளா 3,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். அண்ணன் உள்ளே, கட்சி வெளியே நடந்துகொண்டிருந்தது, தங்கையின் காலில்.

2014இல் தோல்வி. 2017 நவம்பரில் அப்பா சமாதி இருக்கும் இடுபுலபாயாவில் கிளம்பி, 341 நாள், 3,648 கிலோமீட்டர் நடந்து, 2019 ஜனவரியில் ஒடிசா எல்லையோர இச்சாபுரத்தில் நிறுத்தினார். வழியில் கிழவிகள் தலையில் உள்ளங்கையை வைத்து, குனிந்து நெற்றியில் முத்தம். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மேடைப் பேச்சு செய்யாத வேலையைச் செய்தது. 175க்கு 151.

அகிலேஷ் சண்டையை முடித்துவிட்டுச் சமாதானத்துக்குப் போனார். ஜெகன் சமாதானத்தில் ஆரம்பித்துச் சண்டைக்கு வந்தார். 2021இல் ஷர்மிளா தெலங்கானாவில் தனிக்கட்சி தொடங்கினார். 2022 ஜூலையில் குண்டூர் பக்கம் நடந்த கட்சி மாநாட்டின் முதல் நாள், கௌரவத் தலைவர் விஜயம்மா மகளோடு இருக்கப் போகிறேன் என்று ராஜினாமா செய்தார். மறுநாள் அதே மாநாடு ஜெகனை வாழ்நாள் தலைவர் ஆக்கியது. ஆயுசுக்கும் பதவியா என்று தேர்தல் ஆணையமே கேள்வி கேட்டது. அந்த இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கட்சி எங்கே சுருங்கியது என்று வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

அந்தச் சுருக்கத்தை ஜனம் கையால் தொட்டுப் பார்த்தது பட்டா புத்தகத்தில். நில மறு அளவை செய்து ஆந்திர அரசு கொடுத்த பட்டாதார் பாஸ்புக்கில் ஜெகனின் படம். வயலில் நட்ட எல்லைக்கல்லிலும் அவர் பெயர். தாத்தா வாங்கின நிலம், நம் பெயரில் பட்டா, அட்டையில் முதலமைச்சர் முகம்! அதோடு நில உரிமைச் சட்டம் ஒன்றும் வந்தது. நிலத்தைப் பிடுங்க வந்த சட்டம் என்று நாயுடு ஊர் ஊராகச் சொன்னார், மத்திய அரசு காட்டிய மாதிரிச் சட்டம்தானே என்று ஜெகன் தரப்பு சொல்லிப் பார்த்தது. படத்தைப் பார்த்த விவசாயிக்கு எந்த விளக்கம் உறைக்கும்? வீடு தேடி பென்ஷன் கொண்டுவந்த தன்னார்வலர், கணக்கில் விழுந்த பணம் எல்லாம் இருந்தும், நம்பிக்கை அந்த அட்டையில் இடறியது. புது அரசு வந்த வேகத்தில் அந்தச் சட்டம் ரத்து.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஜெகன் 2014, 2019, 2024 மூன்று தேர்தலிலும் தனியாகவே நின்றார். 2024இல் அவருக்கு 39 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது, சீட் 11. எதிரே தெலுங்கு தேசம், ஜனசேனா, பாஜக மூன்றும் சேர்ந்து 164. சொந்தப் பெயரில் கட்டிய வீட்டில் வாடகைக்கு ஆள் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அகிலேஷுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அப்பாவையே எதிர்த்தவருக்கு மாயாவதியோடு உட்காருவதா கஷ்டம்?

கடப்பாவையே பாருங்கள். 2011இல் 5.45 லட்சத்தில் ஜெயித்த தொகுதி. 2024இல் ஜெகனின் தம்பி முறையான அவினாஷ் ரெட்டி சுமார் 62,000 ஓட்டில்தான் கரையேறினார். காங்கிரஸில் நின்ற ஷர்மிளா மூன்றாவது இடம், சுமார் 1.4 லட்சம் ஓட்டு. 2019இல் சித்தப்பா விவேகானந்த ரெட்டி கொலையான வழக்கைத்தான் அவர் அங்கே பேசினார், அவினாஷ் குற்றச்சாட்டை மறுத்தார். அதே 2024இல் கம்பெனிப் பங்கு விவகாரத்தில் ஜெகன் அம்மாவுக்கும் தங்கைக்கும் எதிராகத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அரசியல் பாகப்பிரிவினை கடைசியில் நிஜப் பாகப்பிரிவினையாகவே ஆகிவிட்டது.

என்னிடம் கேட்டால், சண்டை வரும் என்று தெரிந்த வீட்டில் அதைச் சீக்கிரம் போட்டு முடிப்பதே மேல். அகிலேஷுக்குத் தோற்று எழ ஏழு வருடம் இருந்தது, சித்தப்பா திரும்பி வரவும் நேரம் இருந்தது. ஜெகன் நடக்கும் தூரத்தை அகிலேஷால் நடக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே தேர்தலில் 151 எடுக்கும் வித்தை மின்விசிறிப் பக்கம்தான்.

மூன்றாவது, சங்கு. தமிழில் 'சங்கு ஊதியாச்சு' என்றால் வேறு அர்த்தம் என்பதால் பிஜு ஜனதா தளத்தின் சின்னம் எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். 1997 ஏப்ரலில் பிஜு பட்நாயக் காலமானார். டெல்லியில் வாழ்ந்த மகன் நவீன், ஒடியா சரியாகப் பேசவராத ஐம்பது வயதுக்காரர், அஸ்கா இடைத்தேர்தலில் நின்று எம்பி ஆனார். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, பங்கு கேட்கும் பங்காளி இல்லை. ஆகவே சண்டை முழுவதும் அப்பாவின் சகாக்களோடு. 2000 தேர்தலில் மூத்த தலைவர் பிஜோய் மொஹபாத்ராவின் பட்குரா சீட்டை, வேறு மனு போட நேரமில்லாத கடைசி நேரத்தில் மாற்றினார். சத்தமே இல்லாத வெட்டு. 2012இல் நவீன் லண்டனில் இருந்தபோது, அவருக்கு ஆலோசகராக இருந்த பியாரி மோகன் மொஹபாத்ரா எம்எல்ஏக்களைக் கூட்டினார். நவீன் திரும்பி வந்தார், பியாரி வெளியே.

குடும்பம் இல்லாத வீட்டில் அதிகாரிகள் குடும்பமானார்கள். அதில் முதல் பெயர் நம் மதுரைப் பக்கத்து வி.கே. பாண்டியன். 2023இல் ஐஏஎஸ் பணியை விட்டுக் கட்சியில் சேர்ந்தார். 2024 தேர்தலில் பாஜக ஒடியாவின் மானம் என்று பேசியதே அவரைக் குறிவைத்துத்தான். நவீனும் காண்டாபாஞ்சியில் தோற்று, ஹிஞ்சிலியில் ஜெயித்து எம்எல்ஏவாக மிஞ்சினார். ஐந்தே நாளில் பாண்டியன் ஒரு வீடியோவில் தீவிர அரசியலிலிருந்து விலகுவதாகச் சொன்னார்.

வாரிசு யார் என்று கேட்டபோதெல்லாம் ஒடிசா மக்கள் முடிவு செய்வார்கள் என்பதே நவீனின் பதில். 2025 ஏப்ரலில் கட்சித் தலைவர் தேர்தல் வந்தது. 78 வயது நவீனை ஒன்பதாவது முறையாகத் தேர்ந்தெடுத்தார்கள், போட்டியில்லாமல்.